லண்டன் ஆசியக் கலை வாரங்கள்: பார்ப்பது, விசாரிப்பது, வாங்குவது எப்படி?

1998 முதல் ஆண்டுதோறும் அக்டோபர் கடைசியிலும் நவம்பர் தொடக்கத்திலும் லண்டனில் 'ஏசியன் ஆர்ட் இன் லண்டன்' விழா நடக்கிறது. ஒரே மண்டபத்தில் எல்லோரும் கூடுவது கிடையாது. வணிகர்கள் அவரவர் கடையிலேயே தனிக் கண்காட்சி வைப்பார்கள். ஏல நிறுவனங்கள் தங்கள் ஆசியக் கலை ஏலங்களை அந்த நாட்களையொட்டி அடுக்கும். அருங்காட்சியகங்கள் உரைகளோடு சேர்ந்துகொள்ளும். கடைகளிலும் ஏலத்துக்கு முந்தைய பார்வை நாட்களிலும் நுழைவுக் கட்டணம் இல்லை. அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்கு அப்பால் மட்டுமே பார்க்கக் கிடைக்கும் தரமுள்ள பொருளை இங்கே கேட்டால் கையிலேயே தருவார்கள். ஒரு பவுண்டும் செலவழிக்கப் போவதில்லை என்றாலும் போய்வர இந்த ஒரு காரணம் போதும்.

எந்த வாரம், எந்தத் தெரு

உங்களுக்கு எது வேண்டும் என்று முதலில் முடிவு செய்துவிட்டுப் பயணத் தேதியைக் குறியுங்கள். இந்திய ஓவியங்கள், முகலாய, இஸ்லாமியக் கலைப்பொருட்களின் ஏலங்கள் பொதுவாக அக்டோபர் கடைசி வாரத்தில் வரும். சீன, ஜப்பானியப் பொருட்களுக்கு நவம்பர் முதல் இரண்டு வாரங்கள். சிற்றோவியம் பார்க்க ஆசைப்பட்டு நவம்பர் நடுவில் வந்து இறங்கினால் மிச்சம்தான் இருக்கும். ஏலத்துக்கு முன் மூன்று முதல் ஐந்து நாட்கள் வரை பொருட்கள் பார்வைக்கு இருக்கும். பயணத்தை அந்த நாட்களை வைத்துத் திட்டமிடுங்கள். ஏல நாளன்று பொருளை நிதானமாகப் பார்க்க நேரம் இருக்காது.

நடமாட்டம் மூன்று வட்டாரங்களுக்குள் அடங்கிவிடும். மேற்கே கென்சிங்டன் சர்ச் தெரு. நாட்டிங் ஹில் கேட் நிலையத்தில் இறங்கித் தெற்கே சரிவில் நடந்தால் பழம்பொருள் கடைகள் வரிசையாக வரும். அங்கிருந்து சுரங்க ரயிலின் சென்ட்ரல் லைனில் பாண்ட் ஸ்ட்ரீட் வந்தால் மேஃபேர். சதபீஸ், பாண்ஹாம்ஸ் ஏல நிறுவனங்கள் இரண்டும் நியூ பாண்ட் தெருவிலேயே இருக்கின்றன. கிளிஃபோர்ட் தெருவையும் அதன் கிளைத் தெருக்களையும் சுற்றி முக்கிய வணிகர்கள் இருக்கிறார்கள். பிக்காடில்லியைக் கடந்தால் செயின்ட் ஜேம்ஸ். கிறிஸ்டீஸ் ஏல நிறுவனம் அங்கே கிங் தெருவில். மேஃபேரையும் செயின்ட் ஜேம்ஸையும் ஒரே நாளில் நடந்தே முடிக்கலாம். கென்சிங்டனுக்குத் தனியாக அரை நாள் ஒதுக்குங்கள்.

கையில் பணம் குறைவு என்றால் மேற்கு லண்டனின் சிஸிக் ஆக்ஷன்ஸ், தெற்கே வெஸ்ட் நார்வுட்டில் உள்ள ரோஸ்பெரிஸ் போன்ற இடைநிலை ஏல நிறுவனங்களைப் பாருங்கள். சில நூறு பவுண்டுக்கு நல்ல பொருள் கிடைக்கும் இடங்கள் இவை.

ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு மாலை கடைகள் இரவு வரை திறந்திருக்கும். வணிகர்களின் முகம் பழக அது நல்ல நேரம். பொருள் பார்க்க மோசமான நேரம். கூட்டமும் ஒயின் கோப்பைகளும் நிறைந்த அறையில் எவரும் அலமாரியைத் திறக்க விரும்பமாட்டார். மாலையில் போய் அறிமுகமாகி, மறுநாள் காலை திரும்பிப் போவதுதான் சரி. ஆனால் ஒரு பொருள் மனதைப் பிடித்துவிட்டது, விலையும் கட்டுப்படியாகும் என்றால் காலைவரை காத்திருக்காமல் உங்கள் பெயரில் எடுத்துவைக்கச் சொல்லிவிடுங்கள். நல்லவை பெரும்பாலும் முதல் நாளே போய்விடும்.

கண்ணைப் பழக்குதல்

கடைகளுக்குப் போகும் முன் பிரிட்டிஷ் மியூசியத்தின் 95ஆம் அறையில் இரண்டு மணி நேரம் செலவிடுங்கள். பெர்சிவல் டேவிட் சேகரித்த ஏறத்தாழ 1,700 சீனப் பீங்கான்கள் அங்கே இருக்கின்றன. 1351ஆம் ஆண்டு பொறிக்கப்பட்ட நீலவெள்ளைக் குவளை ஜோடியும் அதில் உண்டு. நல்ல கோபால்ட் நீலம் எப்படி இருக்கும், அடிவளையம் எப்படிச் செதுக்கப்பட்டிருக்கும் என்பது மனதில் பதிந்தபிறகு ஏலக்கூடத்தில் போலி தானாகவே கண்ணை உறுத்தும். தென்னிந்தியச் சிற்பத்துக்கு அதே கட்டடத்தின் 33ஆம் அறையும், அதையொட்டிய அமராவதி சிற்பக் கூடமும். வெள்ளிக்கிழமைகளில் அருங்காட்சியகம் இரவு எட்டரை வரை திறந்திருப்பதால் பகல் நேரம் வீணாகாது.

கையில் எடுத்துப் பார்ப்பது

எடுத்துச் செல்ல வேண்டியவை: சிறிய டார்ச், 10 மடங்கு உருப்பெருக்கும் லென்ஸ், அளவு நாடா, பென்சில். பேனா வேண்டாம், ஓவியத்தருகே எவரும் அனுமதிக்கமாட்டார்கள். மோதிரம், வளையல், கைக்கடிகாரம், தொங்கும் அடையாள அட்டை எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். பட்டியலில் உள்ள லாட் எண்ணை, அதாவது ஏலப் பொருளின் வரிசை எண்ணை, சொல்லிக் கேட்டால் ஊழியர் அலமாரியைத் திறந்து பொருளை மேசைமேல் வைப்பார். கைக்குக் கை வாங்காதீர்கள். அவர் வைத்தபின் நீங்கள் எடுங்கள். ஒரு கை அடியில், மற்றது உடலில். கைப்பிடியையோ விளிம்பையோ பிடித்துத் தூக்கக் கூடாது, பழைய ஒட்டு அங்கேதான் விட்டுக்கொடுக்கும். மூடி இருந்தால் முதலில் அதைத் தனியே எடுத்துவையுங்கள்.

பீங்கானில் டார்ச்சை உட்புறமிருந்து அடித்தால் மயிரிழை விரிசல் கோடாகத் தெரியும். விரல் நகத்தால் விளிம்பைச் சுற்றிவந்தால் நிரப்பிய இடம் வேறுவிதமாகத் தட்டுப்படும். சந்தேகம் வந்தால் புற ஊதா விளக்கு கேளுங்கள், நிறுவனங்களில் இருக்கும். பிற்காலப் பூச்சு அந்த ஒளியில் பழைய மெருகிலிருந்து மாறித் தெரியும். பிறகு கவிழ்த்து அடிப்பகுதியைப் பாருங்கள். பேரரசர் பெயர் முத்திரை இருப்பதாலேயே அது அவர் காலத்துப் பொருள் ஆகிவிடாது. சீனப் பேரரசர் காங்ஸியின் காலம் 1662 முதல் 1722 வரை. அவர் முத்திரையைப் 19ஆம் நூற்றாண்டுக் குயவர்களும் தாராளமாக இட்டிருக்கிறார்கள். பட்டியலில் 'முத்திரையும் காலமும்' என்று இருந்தால் நிறுவனம் காலத்துக்குப் பொறுப்பேற்கிறது. 'முத்திரை' என்று மட்டும் இருந்தால் பொறுப்பேற்கவில்லை. இரண்டுக்கும் இடையே விலையில் நூறு மடங்கு வித்தியாசம்கூட வரலாம்.

இந்தியச் சிற்றோவியத்தில் ஓவியத்தைவிடக் கரையை முதலில் கவனியுங்கள். பழைய ஆல்பங்களைப் பிரித்து, தாள்களைப் புதிய கரையில் ஒட்டியிருப்பது சாதாரணம். அது குற்றமில்லை, ஆனால் பட்டியலில் சொல்லியிருக்க வேண்டும். லென்ஸில் முகத்தையும் தங்கப் பூச்சையும் பாருங்கள், திருத்தி வரைந்தது பெரும்பாலும் அங்கேதான். ஜப்பானிய மரப்பாள அச்சுப்படங்களில் ஓரம் வெட்டப்பட்டிருக்கிறதா, பின்னால் தாள் ஒட்டியிருக்கிறதா, ஊதா வெளுத்துப் பழுப்பாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஏலப் பட்டியல்களில் சேதம் முழுமையாக எழுதப்படுவதில்லை. நிலை அறிக்கையை மின்னஞ்சலில் கேட்டு எழுத்தாகவே வாங்கிக்கொள்ளுங்கள். ஏலத்துக்கு முந்தைய நாள் கேட்டால் வராமல் போகலாம். மூன்று நாள் முன்பே கேளுங்கள்.

கைமாறிய வரலாறு

இதில்தான் அதிகப் பிடிவாதம் வேண்டும். புரொவெனன்ஸ் என்று வணிகர்கள் சொல்லும் கைமாறிய வரலாறு ஆசியப் பொருட்களில், குறிப்பாகத் தமிழகச் செப்புத்திருமேனிகளில், அழகைவிடவும் விலையைவிடவும் முன்னால் நிற்க வேண்டிய கேள்வி.

தெரிந்துவைக்க வேண்டிய தேதிகள் சில. களவுபோன பண்பாட்டுப் பொருட்கள் பற்றிய யுனெஸ்கோ உடன்படிக்கை 1970இல் வந்தது. இந்தியாவின் தொல்பொருட்கள், கலைச்செல்வங்கள் சட்டம் 1972இல் இயற்றப்பட்டு 1976 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. பிரிட்டன் தன் பங்குக்கு 2003இல் களங்கமுள்ள பண்பாட்டுப் பொருட்களை அறிந்தே கைமாற்றுவதைக் குற்றமாக்கியது. எனவே 1970க்கு முன்பே பொருள் இந்தியாவுக்கு வெளியே இருந்தது என்பதற்குக் காகிதம் கேளுங்கள்: பழைய ஏலப் பட்டியல், ரசீது, தேதியிட்ட புகைப்படம், கண்காட்சி நூல். 'ஐரோப்பியத் தனியார் சேகரிப்பு, 1960கள்' என்ற ஒற்றை வரி சான்றாகாது. யார், எந்த ஊர், எதில் பதிவாகியிருக்கிறது என்று கேளுங்கள். நல்ல வணிகர் கோப்பை எடுத்து மேசையில் வைப்பார். முகம் சுளிப்பவரிடம் மேலே பேச வேண்டியதில்லை.

அடுத்தது பீடம். தமிழகச் செப்புத்திருமேனியின் பீடத்தில் கழி செருகும் துளைகளோ வளையங்களோ இருந்தால் அது வீதியுலா வந்த உற்சவர். ஏதோ ஒரு கோயிலுக்குச் சொந்தமாக இருந்திருக்கிறது. எந்தக் கோயில், எப்போது வெளியேறியது என்ற கேள்விக்குப் பதில் வராமல் அதை வாங்காதீர்கள்.

1970க்கு முன் லண்டனில் விற்றது என்பதும் எல்லாச் சிக்கலையும் தீர்த்துவிடாது. ஆக்ஸ்போர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் 1967இல் சதபீஸ் ஏலத்தில் வாங்கிய திருமங்கையாழ்வார் திருமேனி, 1957இல் கும்பகோணம் பக்கத்துக் கோயிலில் இருந்ததைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் புகைப்படம் காட்டிக்கொடுத்தது. அதைத் திருப்பித் தர 2024இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டது. ஆனந்தமங்கலம் கோயிலிலிருந்து 1978இல் திருடுபோன ராமர், சீதை, லட்சுமணர் திருமேனிகள் 2020இல் லண்டனிலிருந்து திரும்பியதும் அதே நிறுவனம் 1958இல் எடுத்த படங்களால்தான். பத்தூர் நடராஜர் வழக்கு அதற்கும் முந்தியது: கோயிலே வழக்காடும் உரிமையுள்ள தரப்பு என்று ஏற்று, சிலை அதற்கே உரியது என 1988இல் லண்டன் நீதிமன்றம் தீர்ப்பளித்தது, 1991இல் மேல்முறையீடும் தள்ளுபடியாகி நடராஜர் ஊர் திரும்பினார். விலை கொடுத்து வாங்கிய நிறுவனத்துக்குச் சிலை மிஞ்சவில்லை.

ஆகவே புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் படத்தொகுப்போடு ஒப்பிட்டாயிற்றா என்று விற்பவரிடம் நேரடியாகக் கேளுங்கள். தொலைந்த கலைப்பொருட்களின் பதிவேடான ஆர்ட் லாஸ் ரெஜிஸ்டரின் சான்றை மட்டும் நம்பி நிம்மதியாகிவிட வேண்டாம். திருட்டு என்று புகார் பதிவாகாத பொருள் அதில் இருக்காது. சிற்றூர்க் கோயில் களவு பலவும் ஆண்டுக்கணக்கில் எவருக்கும் தெரியாமலே கிடந்தவை.

விலைக் கணக்கு

ஏலத்தில் சுத்தியல் விழும் தொகை நீங்கள் கட்டும் தொகை அல்ல. வாங்குபவர் கட்டணம் என்று நிறுவனம் தன் பங்கைச் சேர்க்கும். நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், 25 முதல் 28 சதவீதம் வரை எதிர்பாருங்கள். அந்தக் கட்டணத்தின்மேல் 20 சதவீதம் வாட் வரி. 28 சதவீதம் என்று வைத்தால் 3,000 பவுண்டுக்கு வென்றவர் 840 கட்டணம், 168 வரி சேர்த்து 4,008 பவுண்டு கட்டுவார். லாட் எண்ணருகே நட்சத்திரக் குறி இருந்தால் வெளிநாட்டிலிருந்து விற்பனைக்காக வந்த பொருள். சுத்தியல் தொகையில் பொதுவாக இன்னும் 5 சதவீதம் இறக்குமதி வரி கூடும். குறிகளின் பொருள் பட்டியலின் பின்பக்கத்தில் இருக்கும். வேறொருவர் நடத்தும் இணையத் தளம் வழியாகக் கேட்டால் அதற்கும் தனிக் கட்டணம் உண்டு. நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் பெரும்பாலும் இருக்காது.

கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். மொத்தமே 3,000 பவுண்டுதான் என்றால் 1.336 ஆல் வகுக்க 2,245 வரும். ஆக 2,200 பவுண்டில் நிறுத்த வேண்டும். அந்த எண்ணைப் பட்டியலில் பென்சிலால் எழுதிவிட்டு உட்காருங்கள். மதிப்பீட்டுத் தொகையை வைத்து ஏமாறாதீர்கள். ஆள் சேர்ப்பதற்காகவே தாழ்வாகப் போடுவது உண்டு, அதிலும் சீனப் பீங்கான்களில் கீழ் மதிப்பீட்டின் பல மடங்குக்குப் போவது அன்றாடம் நடக்கும்.

ஏலத்தில் கேட்கப் பாஸ்போர்ட்டும் முகவரிச் சான்றும் கொடுத்துப் பதிவுசெய்ய வேண்டும். இரண்டு நாள் முன்னதாகவே முடியுங்கள். விலையுயர்ந்த லாட்டுகளுக்கு முன்பணமும் கேட்பார்கள், வங்கிப் பரிமாற்றம் வந்து சேராவிட்டால் கை தூக்க முடியாது.

கடையில் வாங்கும்போது இந்தக் கட்டணங்கள் இல்லை. விலை எழுதியிருக்காது, கேட்க வெட்கப்பட வேண்டாம். பேசினால் ஓரளவு குறையும். ரசீதில் பொருளின் பெயர், நாடு, காலம், அளவு, சேதம், கைமாறிய வரலாறு ஆறும் எழுத்தில் இருக்கட்டும். பின்னாளில் விற்கும்போது உங்கள் பொருளின் வரலாறு இந்த ரசீதிலிருந்துதான் தொடரும்.

தந்தம், மரம், பயணம்

பிரிட்டனின் தந்தச் சட்டம் 2022 ஜூன் 6 முதல் அமலில் உள்ளது. வயது எதுவானாலும் தந்தப் பொருளை விற்பதும் வாங்குவதும் தடை. விலக்குகள் குறுகலானவை: 1947க்கு முந்தையதாகவும் தந்தம் மொத்த அளவில் 10 சதவீதத்துக்கும் குறைவாகவும் இருந்தால் பதிவுசெய்து விற்கலாம், 1918க்கு முந்தைய அரிதிலும் அரிதான பொருளுக்குத் தனிச் சான்றிதழ் வேண்டும். முழுத் தந்த நெட்சுகே (கச்சையில் பை தொங்கவிட உதவும் சிறு ஜப்பானியச் செதுக்குருவம்) இதனால் பெரும்பாலும் விற்பனைக்கு வராது. எவராவது நீட்டினால் விலக்குச் சான்றிதழைக் கேளுங்கள். பாக்ஸ்வுட் என்னும் மரத்தில் செதுக்கிய நெட்சுகே தாராளமாகக் கிடைக்கும், கைக்கும் அருமையாக இருக்கும்.

சீன மரச்சாமான்களிலும் கவனம் வேண்டும். ஸிடான் என்ற பெயரில் உயர்ந்த மரமாக விற்கப்படுவதில் பெரும்பகுதி நம்முடைய செம்மரமே. அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலில் அது இருப்பதால் நாடு கடக்க அனுமதி தேவைப்படலாம். ஆமையோடு, பவளம், காண்டாமிருகக் கொம்பு எதுவாயினும் பணம் கட்டும் முன் இதைக் கேட்டுத் தெளியுங்கள். ஏலம் முடிந்தபின் அனுமதி கிடைக்கவில்லை என்று பணத்தைத் திருப்பிக் கேட்க முடியாது. 50 ஆண்டுக்கு மேற்பட்ட, குறிப்பிட்ட மதிப்பைத் தாண்டிய பொருள் பிரிட்டனை விட்டு வெளியேற ஏற்றுமதி உரிமமும் வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் ஆகும் என்பதால் விமான டிக்கெட்டை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

இந்தியாவுக்குக் கொண்டுபோக நினைத்தால், நூறாண்டு கடந்த பொருளை மறுபடி வெளியே எடுத்துவர 1972ஆம் ஆண்டுச் சட்டம் குறுக்கே நிற்கும் என்பதை மனதில் வையுங்கள். லண்டன் ரசீதையும் சுங்கத் தாள்களையும் பொருளோடு சேர்த்தே பாதுகாக்க வேண்டும்.

ஏல நிறுவனங்கள் பலவும் பொதி கட்டித் தருவதில்லை, அனுப்பும் முகவர்களின் பெயர்களை மட்டும் தரும். சிறு பீங்கானை நீங்களே எடுத்துச் செல்வதானால் இரண்டு பெட்டி முறை: பொருளை அமிலமில்லாத மெல்லிய தாளில் சுற்றி உட்பெட்டியில் அசையாமல் வைத்து, அதற்கும் வெளிப்பெட்டிக்கும் நடுவே எல்லாப் பக்கமும் 5 சென்டிமீட்டர் நுரைப்பஞ்சு. மூடியைத் தனியே சுற்றுங்கள். அரக்குப் பூச்சின்மேலும் தங்கமுலாமின்மேலும் குமிழ்ப் பிளாஸ்டிக்கை நேரடியாகச் சுற்றக் கூடாது. குமிழ்களின் வட்டத் தடம் பதிந்துவிட்டால் பிறகு போகாது.