படிக்கட்டுக் கதவுக்கு முட்டுக்கொடுக்காதீர்கள்

புது அலுவலகத்தில் அடையாள அட்டையை மறந்துவிட்டு வருவது, வேறு மாடியில் இறங்குவது எல்லாம் ஒரு வாரத்தில் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். புதிதாகச் சேர்ந்தவர்கள் என் பழைய தவறுகளையே செய்வதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

படிக்கட்டுக் கதவைத் திறந்தே வைப்பது

கையை எடுத்ததும் தானாக மூடிக்கொள்ளும் கனமான கதவு அது. நேற்று அதன் அடியில் நாலாக மடித்த அட்டையைச் செருகி வைத்திருந்தார்கள். பார்த்ததும் கோபம் வந்துவிட்டது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் ஒரு நாற்காலியை முட்டுக்கொடுத்தேன். மாடிக்கு மாடி பெட்டிகள் தூக்க வேண்டியிருந்தது, முடிந்ததும் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. அன்று மாலை கீழ்மாடி யூபிஎஸ் அறையில் ஒரு பேட்டரி கருகியது. பெரிய தீ இல்லை. ஆனால் கீழேயும் யாரோ இதே வேலையைச் செய்திருந்தார்கள். புகை படிக்கட்டில் ஏறி, நான் திறந்து வைத்த கதவு வழியாக எங்கள் மாடிக்குள் வந்தது. இறங்குவதற்கும் அதே படிக்கட்டுதான். எட்டு மாதக் கர்ப்பிணி ஒருவர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு, சுவரைத் தடவித் தடவி இறங்கினார். இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

அரை மணி, ஒரு மணி, சிலவற்றில் 2 மணி நேரம்கூடத் தீயைத் தாங்கும்படி சோதித்துச் செய்த கதவு அது. பலவற்றின் விளிம்பில் ஒரு பட்டை ஒட்டியிருக்கும், பாருங்கள். சூடு பட்டால் உப்பி இடுக்கை அடைத்துவிடும். கதவு திறந்து கிடந்தால் இதெல்லாம் வீண். சூடான புகை மேலே ஏறும், படிக்கட்டே புகைபோக்கி ஆகிவிடும். தீ விபத்துகளில் நெருப்பைவிடப் புகைதான் அதிகம் பேரைக் கொல்கிறது.

ஆள் நடமாட்டம் அதிகம் என்றால் கட்டடப் பராமரிப்பாளர்களிடம் கேளுங்கள். கதவைத் திறந்து பிடித்துக்கொள்ளும் காந்தம் இருக்கிறது, தீ எச்சரிக்கை மணி அடித்ததும் அது கதவை விட்டுவிடும். சிலர் தீயணைப்பானையே முட்டுக்கொடுக்கிறார்கள். அதை என்னால் பொறுத்துக்கொள்ளவே முடியவில்லை.

ஏசி சென்சாருக்கு அடியில் பிரிண்டர்

சுவரில் இருக்கும் சின்னப் பெட்டிதான் அறையின் சூட்டை அளக்கிறது. அடியில் பிரிண்டர் சூடு கக்கினால், அறையே கொதிக்கிறது என்று எடுத்துக்கொண்டு குளிரை அள்ளி விடும். எங்கள் மாடியில் ஒருவர் மாதக்கணக்கில் ஸ்வெட்டரோடு வேலை பார்த்தார். பிரிண்டரை நாலடி தள்ளி வைத்தோம், அவ்வளவுதான்.

லிஃப்டில் இரண்டு பொத்தானையும் அமுக்குவது

போகும் திசையை மட்டும் அமுக்குங்கள்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இன்னொரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்

வேண்டவே வேண்டாம்.

தீ ஒத்திகையில் எல்லோர் பின்னாலும் போவது

பழகிய வாசலுக்கே கால் போகும். உங்களுக்குப் பக்கத்துப் படிக்கட்டு எது என்று பாருங்கள், எத்தனை மேசை தள்ளி என்று எண்ணிக்கொள்ளுங்கள். புகையில் கண் தெரியாது, கையால் தடவித்தான் போக வேண்டும். என் இடத்திலிருந்து ஒன்பது மேசை, அப்புறம் இடப்பக்கம் ஒரு தூண்.