சோராச்சி ஏஸ் ஹாப்ஸைக் கடைசிக் கட்டத்தில் சேர்த்து பேல் ஏல் தயாரிக்கும் முறை

ஜப்பானின் சப்போரோ நிறுவனம் 1984-இல் வெளியிட்ட சோராச்சி ஏஸ், பிரிட்டனின் புரூவர்ஸ் கோல்டு, செக் நாட்டின் சாஸ் ஆகிய வகைகளின் வழிவந்த ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் கொடிப்பூ) ஆகும். முதலில் எலுமிச்சையும், அதன் அடியில் சதகுப்பையும் தேங்காயும் மணப்பது இதன் தனித்தன்மை. எலுமிச்சைக்காக இதை விரும்புவோர் பலர். சதகுப்பை மிஞ்சிவிட்டதென்று ஒதுக்குவோரும் உண்டு. அளவும் சேர்க்கும் நேரமும் சரியாக அமைந்தால் எலுமிச்சையை முன்னிறுத்தலாம் என்பதால், பேல் ஏல் எனும் வெளிர்நிற பீருக்கான கீழ்க்காணும் முறையில் பெரும்பகுதி ஹாப்ஸ் கொதி அடங்கிய பிறகே சேர்க்கப்படுகிறது.

இருபது லிட்டர் பீருக்கு 4.2 கிலோ பேல் மால்ட்டும் (முளைகட்டி உலர்த்திய வெளிர்நிற பார்லி) 250 கிராம் வெளிர்நிறக் கிரிஸ்டல் மால்ட்டும் போதும். கிரிஸ்டல் மால்ட்டைக் கூட்டினால் அதன் கேரமல் இனிப்பு இந்த ஹாப்ஸின் மணத்தோடு ஒட்டாமல் நிற்கும். நொறுக்கிய மால்ட்டை 66 பாகை செல்சியஸ் வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, சக்கையை வெந்நீரால் அலசி, கிடைக்கும் வோர்ட் எனும் இனிப்புச் சாற்றை ஒரு மணி நேரம் கொதிக்க விட வேண்டும். கொதித்து முடிந்தபின், திரவத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் 1.050-ஐ ஒட்டிக் காட்டும்.

கசப்புக்குச் சோராச்சி ஏஸைச் செலவிட வேண்டியதில்லை. மேக்னம் போன்ற, மணம் அதிகம் வீசாத ஹாப்ஸில் 12 கிராமைக் கொதியின் தொடக்கத்திலேயே போட்டுவிடலாம். கொதி முடியப் பத்து நிமிடம் இருக்கையில் சோராச்சி ஏஸ் பெல்லட் (அரைத்து அழுத்திய ஹாப்ஸ்) 15 கிராம் சேர்க்க வேண்டும். இது மணத்தைவிடச் சுவைக்கே அதிகம் உதவும்.

முக்கியமான பகுதி அடுப்பை அணைத்த பிறகுதான் வருகிறது. ஹாப்ஸின் மணம் எளிதில் ஆவியாகும் எண்ணெய்களில் இருக்கிறது. கொதிக்கும் வோர்ட்டில் அவை நீராவியோடு வெளியேறிவிடும். அதே கொதி, ஹாப்ஸின் ஆல்ஃபா அமிலங்களைக் கசப்பாகவும் மாற்றுகிறது. சோராச்சி ஏஸில் இந்த அமிலம் 12 விழுக்காட்டை ஒட்டியோ அதற்கு மேலோ இருப்பதால், கொதியிலேயே தாராளமாகப் போட்டால் மணம் போய்க் கசப்பு மட்டுமே மிஞ்சும். எனவே வோர்ட்டை 80 பாகைக்கு ஆற்றி, 40 கிராம் சேர்த்து, மெதுவாகக் கிளறி, மூடி போட்டு இருபது நிமிடம் ஊறவிட வேண்டும். இந்த வெப்பத்தில் கசப்பாகும் வேகம் வெகுவாகக் குறைகிறது, எண்ணெய்களோ கரைந்து தங்குகின்றன. பொட்டலத்தில் அச்சிட்டுள்ள ஆல்ஃபா அமில அளவு அறுவடைக்கு அறுவடை மாறும் என்பதால் அதைப் பார்த்த பிறகு எடை போடுவது நல்லது.

பிறகு 18 பாகை வரை விரைவாகக் குளிரவைத்து, கிருமி நீக்கிய கலனுக்கு மாற்றி, தன் மணத்தை அதிகம் காட்டாத அமெரிக்க ஏல் ஈஸ்ட் ஒரு பொட்டலம் தூவி, 18 முதல் 20 பாகைக்குள் நொதிக்க விட வேண்டும். சோராச்சி ஏஸில் உள்ள ஜெரானியால் என்ற மணப்பொருளின் ஒரு பகுதியை ஈஸ்ட் சிட்ரோனெல்லாலாக மாற்றுகிறது. எலுமிச்சைச் சாயல் கூடுவதில் இதற்கும் பங்குண்டு.

நொதித்தல் அடங்கியதும் 25 கிராம் சோராச்சி ஏஸை உலர் ஹாப்ஸாக, அதாவது கொதிக்கவிடாமல் நேரடியாகப் பீரில், சேர்த்து மூன்று நாள் வைத்தால் போதும். இதற்கு மேல் போவது, என் கணிப்பில், சதகுப்பைக்கு இடம் கொடுப்பதாகும். உலர் ஹாப்ஸில் உள்ள நொதிகள் எஞ்சிய மாவுச்சத்துத் துண்டுகளைச் சர்க்கரையாக உடைத்து நொதித்தலை மீண்டும் தூண்டக்கூடும். ஆகவே ஹைட்ரோமீட்டர் அளவு அடுத்தடுத்த நாட்களில் மாறாமல், 1.011-ஐ ஒட்டி நின்ற பிறகே புட்டியில் அடைக்க வேண்டும். அவசரப்பட்டால் புட்டி வெடிக்கும் அபாயம் உண்டு. லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரையைக் கொதிநீரில் கரைத்துச் சேர்த்து, காற்று கலக்காதபடி நிரப்பி, அறை வெப்பத்தில் இரண்டு வாரம் வைக்கலாம். ஹாப்ஸ் மணம் மங்கத் தொடங்கும் முன், ஓரிரு மாதங்களுக்குள் குடித்துவிடுவதே உத்தமம்.

சதகுப்பை மணம் அப்போதும் தூக்கலாகத் தெரிந்தால், அடுத்த முறை முதலில் உலர் ஹாப்ஸைக் கைவிட வேண்டும்; அதன் பிறகும் குறையாவிட்டால், 80 பாகையில் சேர்க்கும் 40 கிராமில் பாதியைக் கேஸ்கேட் என்ற வேறொரு வகை ஹாப்ஸாக மாற்றிக்கொள்ளலாம்.