டாக்கர் டெஸ்க்டாப்புக்குக் காசு கேட்டால்: கட்டுவதா, மாறுவதா, மாறினால் எப்படி

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். டாக்கர் என்பது ஒரு மென்பொருளை அதற்குத் தேவையானவற்றோடு சேர்த்துக் கட்டி, கன்டெய்னர் என்ற தனி அறைக்குள் ஓட்டும் கருவி. அதை லேப்டாப்பில் எளிதாக ஓட்டித்தரும் ஆப்தான் டாக்கர் டெஸ்க்டாப். காசு கேட்பது டாக்கருக்கு இல்லை, டாக்கர் டெஸ்க்டாப்புக்கு. 2021 ஆகஸ்ட் 31 அன்று டாக்கர் நிறுவனம் உரிம விதிகளை மாற்றி அறிவித்தது. பெரிய நிறுவனங்களுக்கு 2022 ஜனவரி 31 வரை அவகாசம் கொடுத்தது. டெவலப்பர்களிடம் எழுந்த கோபத்தோடு "இனி கன்டெய்னரே இலவசமாக ஓட்ட முடியாது" என்ற தவறான பேச்சும் சேர்ந்து பரவியது. இன்றும் ஒரு நிறுவனம் வளர்ந்து வரம்பைத் தாண்டும்போதெல்லாம் அதே பதற்றம் அங்கே புதிதாகத் தொடங்குகிறது. பதற்றத்தில் முதல் நாளே டெஸ்க்டாப்பை அழித்துவிட்டு, அதோடு மூன்று மாத டெஸ்ட் டேட்டாவையும் பறிகொடுப்பதுதான் நடக்கக்கூடிய மோசமான விஷயம். அதனால் வரிசை முக்கியம்.

எதற்கு விலை, எதற்கு இல்லை

கன்டெய்னர் என்பது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில், புரோகிராம்களைத் தனித்தனியே பிரித்து வைக்கும் நேம்ஸ்பேஸ், அவை எடுக்கும் வளத்துக்கு வரம்பு வைக்கும் சிகுரூப் என்ற வசதிகளை வைத்து ஓடுவது. மேக்கிலும் விண்டோஸிலும் அந்தக் கெர்னல் கிடையாது. ஆகவே அங்கே ஒரு சிறிய லினக்ஸ் விர்ச்சுவல் மெஷினை (மென்பொருளால் ஆன கணினியை) எழுப்பி, அதற்குள் கன்டெய்னர்களை நடத்தும் இன்ஜினை ஓட்ட வேண்டும். உங்கள் ஃபோல்டரை உள்ளே காட்டுவது, உள்ளே திறந்த போர்ட்டை வெளியே கொண்டுவருவது, விபிஎன்னோடு ஒத்துப்போவது எல்லாவற்றையும் நீங்கள் கவனிக்காமலேயே செய்து கொடுத்தது டெஸ்க்டாப். அந்த ஏற்பாட்டுக்குத்தான் விலை.

உள்ளே ஓடும் டாக்கர் இன்ஜின், டாக்கர் கமாண்ட், பல கன்டெய்னர்களை ஒன்றாக எழுப்பும் கம்போஸ், கன்டெய்னரின் மூலப் பொதியான இமேஜைக் கட்டும் பில்ட்கிட் ஆகியவை அப்பாச்சி 2.0 உரிமத்தில் திறந்த மூலமாகவே இருக்கின்றன. உபுண்டு சர்வரில் ஆப்ட் என்ற நிறுவும் கருவி வழியாக நேரடியாகப் போட்ட இன்ஜினுக்கு ஒரு பைசா வேண்டாம். உங்கள் பில்ட் சர்வர் லினக்ஸில் ஓடினால் அதைத் தொடவே தேவையில்லை. கவனிக்க வேண்டிய ஒன்று: 2022 மே மாதம் லினக்ஸுக்கும் டெஸ்க்டாப் வந்தது. "நான் லினக்ஸ்தான், எனக்கு இது பொருந்தாது" என்பவர் தான் போட்டிருப்பது இன்ஜினா டெஸ்க்டாப்பா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும். டெஸ்க்டாப் என்றால் அதே விதிதான்.

யார் கட்ட வேண்டும்? தனிப்பட்ட பயன்பாடு, கல்வி, வணிக நோக்கமில்லாத திறந்த மூலத் திட்டங்கள் ஆகியவற்றுக்கு இலவசம். நிறுவனம் என்றால் ஊழியர்கள் 250-க்குக் கீழும் ஆண்டு வருவாய் 1 கோடி டாலருக்குக் கீழும் இருக்க வேண்டும். இரண்டும் ஒருசேர இருந்தால்தான் விலக்கு. 60 பேர் மட்டுமே உள்ள நிறுவனம் 1.2 கோடி டாலர் ஈட்டினால் கட்டியாக வேண்டும். எண்ணுவது உங்கள் டீமை அல்ல, முழு நிறுவனத்தையும். விற்பனைப் பிரிவும் கணக்குப் பிரிவும் அந்த 250-ல் அடக்கம். அரசு அமைப்புகளுக்கு இலவசப் பயன்பாடு இல்லை.

இமேஜ்களை இறக்கிக்கொள்ளும் இணையக் கிடங்கான டாக்கர் ஹப்பின் கட்டுப்பாடு இதிலிருந்து வேறான விஷயம். லாகின் இல்லாமல் இமேஜ் இறக்குவதற்கு வரம்பு வந்தது 2020 நவம்பரில். டெஸ்க்டாப்பை விட்டு விலகினாலும் அந்த வரம்பு உங்களை விடாது. பில்ட் சர்வரில் திடீரென்று 429 பிழை வந்தால் உரிமத்தைச் சந்தேகிக்காமல் ஹப்பின் வரம்பைப் பாருங்கள்.

கட்டுவது மலிவா என்று முதலில் பாருங்கள்

அறிவித்தபோது ஒருவருக்கு மாதம் புரோ 5, டீம் 7, பிசினஸ் 21 டாலர். 2024 இறுதியில் விலை ஏறியது. ஆண்டுச் சந்தாவாகக் கட்டினால் புரோ 9, டீம் 15 என்றானது; பிசினஸ் அதற்கு முன்பே 24 ஆகியிருந்தது. முடிவெடுக்கும் நாளில் அவர்களின் விலைப் பக்கத்தைத் திறந்து அன்றைய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

40 டெவலப்பர்கள், டீம் சந்தா என்று வைத்தால் 40 × 15 × 12, அதாவது ஆண்டுக்கு 7,200 டாலர். மாறுவதற்கு ஒருவருக்கு 6 மணி நேரம் என்று வைத்தால் 240 மணி நேரம். அதோடு முதல் இரண்டு மாதம் "எனக்கு மட்டும் ஓடவில்லை" என்பவர்களுக்கு உதவ ஒருவரின் நேரத்தில் நல்ல பகுதி போகும். அந்த ஆளைக் கணக்கில் சேர்க்காமல் "மாறினால் லாபம்" என்று மேலிடத்துக்குக் கடிதம் எழுதாதீர்கள். விண்டோஸ் கன்டெய்னர்களை நம்பியிருக்கும் டீம், அல்லது யாருக்கும் லினக்ஸ் டெர்மினல் பழக்கமில்லாத டீம் என்றால் பணம் கட்டுவதே நியாயமான முடிவு. அதில் தோல்வி எதுவும் இல்லை.

ஒரே நிறுவனத்தில் இரண்டையும் கலந்தும் வைக்கலாம். ஆனால் சந்தா இல்லாதவர் லேப்டாப்பில் டெஸ்க்டாப் இருக்கவே கூடாது. மாதம் ஒருமுறை திறந்தாலும் அது பயன்பாடுதான். லேப்டாப்களை நிர்வகிக்கும் ஐடி பிரிவிடம் எத்தனை மெஷினில் நிறுவப்பட்டிருக்கிறது என்ற பட்டியலை இப்போதே வாங்கி வையுங்கள். பேச்சுவார்த்தைக்கும் அதுதான் ஆதாரம்.

அழிப்பதற்கு முன்

டெஸ்க்டாப்பை நீக்கினால் அதன் விர்ச்சுவல் மெஷினின் டிஸ்க்கும் போகும். இமேஜ்கள், கன்டெய்னர்கள் டேட்டாவைச் சேமிக்கும் பெயரிட்ட வால்யூம்கள் எல்லாம் அந்த டிஸ்க்குக்குள்தான் இருக்கின்றன. செட்டிங்ஸில் உள்ள ஃபேக்டரி ரீசெட்டும் அதையே செய்யும். உங்கள் ஃபோல்டரை நேரடியாகக் காட்டியிருக்கும் பைண்ட் மவுன்ட்கள் மட்டும் பத்திரம். அவை உங்கள் டிஸ்க்கிலேயே இருப்பவை.

முதலில் வால்யூம்களைப் பட்டியலிடுங்கள். பெயர் இல்லாமல் நீளமான எழுத்துக் கோவையாக இருப்பவற்றில் பெரும்பாலும் குப்பைதான். ஆனால் கம்போஸ் ஃபைலில் பெயர் கொடுக்க மறந்த டேட்டாபேஸ் அங்கே ஒளிந்திருக்கலாம். கன்டெய்னரை இன்ஸ்பெக்ட் செய்து எது எதோடு இணைந்திருக்கிறது என்று பார்த்த பிறகே நீக்குங்கள்.

டேட்டாபேஸ் என்றால் வால்யூமை அப்படியே நகலெடுக்க வேண்டாம். போஸ்ட்கிரஸ்ஸுக்கு பிஜி டம்ப், மைஎஸ்க்யூஎல்லுக்கு மைஎஸ்க்யூஎல் டம்ப் என்று அந்தந்தக் கருவியால் எடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் போஸ்ட்கிரஸ்ஸின் ஃபைல்களை நகலெடுத்தால் பாதி எழுதிய நிலையில் கிடைக்கும். நிறுத்திவிட்டு எடுத்தாலும், புதிய இடத்தில் இமேஜின் மேஜர் பதிப்பு வேறாக இருந்தால் திறக்காது. இன்டெல் மேக்கிலிருந்து ஆப்பிள் சிப் மேக்குக்குப் போகிறவர்கள் டம்ப் தவிர வேறு வழியை யோசிக்கவே வேண்டாம். மற்ற வால்யூம்களுக்கு, அவற்றைப் பயன்படுத்தும் கன்டெய்னரை நிறுத்திவிட்டு, ஒரு ஆல்பைன் கன்டெய்னரில் அந்த வால்யூமையும் உங்கள் ஃபோல்டர் ஒன்றையும் சேர்த்து மவுன்ட் செய்து, உள்ளே டார் கமாண்டால் கட்டி வெளியே எடுங்கள்.

இமேஜ்களை இடம் மாற்றி நேரத்தை வீணாக்காதீர்கள். டாக்கர் ஹப் போன்ற ரெஜிஸ்ட்ரியிலிருந்து மறுபடி இறங்கும். இமேஜைக் கட்டும் குறிப்புள்ள டாக்கர்ஃபைல் தொலைந்துபோய் இமேஜ் மட்டும் எஞ்சியிருந்தால் அதை டாக்கர் சேவ் செய்து வையுங்கள்.

மேக்கில்: கொலிமா

டெஸ்க்டாப்புக்குப் பதிலாக மேக்கில் இன்ஜினை ஓட்டித்தருவது கொலிமா. எம்ஐடி என்ற திறந்த மூல உரிமத்தில் உள்ள இது, லினக்ஸ் விர்ச்சுவல் மெஷினை எழுப்பும் லிமா என்ற கருவியின் மேல் கட்டப்பட்டது. ஹோம்ப்ரூ என்ற நிறுவும் கருவி வழியாகக் கொலிமா, டாக்கர், டாக்கர் கம்போஸ் ஆகிய மூன்றையும் நிறுவ வேண்டும். கொலிமா இன்ஜினை மட்டும் தரும், கமாண்ட் தனியாக வர வேண்டும் என்பதைப் பலரும் தவறவிடுகிறார்கள்.

எதுவும் சொல்லாமல் தொடங்கினால் 2 சிபியு, 2 ஜிபி நினைவகத்தோடு எழும்பும். ஜாவா சர்வீஸ் இரண்டும் ஒரு எலாஸ்டிக்சர்ச்சும் ஓட்டினால் அது உடனே நிறைந்து, கன்டெய்னர் எந்தச் செய்தியும் சொல்லாமல் 137 என்ற எண்ணோடு சாகும். 137 என்றால் பெரும்பாலும் நினைவகம் போதாமல் கெர்னல் கொன்றது என்று பொருள். 16 ஜிபி லேப்டாப்பில் 4 சிபியு, 8 ஜிபி, 100 ஜிபி டிஸ்க் என்று தொடங்குங்கள். மேக்ஓஎஸ் 13 அல்லது அதற்கு மேல் என்றால் விர்ச்சுவல் மெஷின் வகையாக விஇசட்டையும் (vz) மவுன்ட் வகையாக வர்ட்டியோஎஃப்எஸ்ஸையும் (virtiofs) கொடுங்கள்; ஃபைல் பகிர்வின் வேகத்தில் வித்தியாசம் தெரியும். ஆப்பிள் சிப்பில் இன்டெல் இமேஜ்கள் ஓட்ட வேண்டுமானால் ரொசெட்டா ஆப்ஷனையும் சேருங்கள்.

இதற்குப் பிறகு வரும் சிக்கல்கள் ஏறத்தாழ எல்லோருக்கும் ஒரே மாதிரிதான்.

இமேஜ் இறக்கும்போது டாக்கர் கிரெடென்ஷியல் டெஸ்க்டாப் என்ற புரோகிராம் கிடைக்கவில்லை என்று பிழை வரும். காரணம், ஹோம் ஃபோல்டரில் புள்ளி டாக்கர் என்ற மறைந்த ஃபோல்டருக்குள் உள்ள கான்ஃபிக் ஃபைலில், லாகின் விவரம் எங்கே சேமிக்கப்படுகிறது என்று சொல்லும் கிரெட்ஸ்ஸ்டோர் மதிப்பு இன்னும் டெஸ்க்டாப் என்றே இருக்கிறது. அதை ஓஎஸ்எக்ஸ் கீசெயின் என்று மாற்றி, அந்த ஹெல்பரை ஹோம்ப்ரூவில் நிறுவி, மறுபடி லாகின் செய்யுங்கள்.

டாக்கருக்கும் கம்போஸுக்கும் நடுவில் ஹைஃபன் வைத்துத் தட்டினால் ஓடும், இடைவெளி விட்டால் ஓடாது என்றால், ஹோம்ப்ரூ நிறுவிய பிளகின் ஃபோல்டரை டாக்கர் கமாண்ட் அறியவில்லை. அதே கான்ஃபிக் ஃபைலில் கூடுதல் பிளகின் ஃபோல்டராக அந்த வழியைச் சேர்க்க வேண்டும்.

டெர்மினலில் எல்லாம் ஓடுகிறது, ஆனால் கோட் எழுதும் ஐடிஇ அல்லது டெஸ்டுக்காகக் கன்டெய்னர்களை எழுப்பும் டெஸ்ட்கன்டெய்னர்ஸ் மட்டும் டாக்கர் இல்லை என்கிறதா? எந்த இன்ஜினோடு பேச வேண்டும் என்ற குறிப்பான கான்டெக்ஸ்ட்டை டாக்கர் கமாண்ட் படிக்கும். பல கருவிகள் படிக்காது. வழக்கமான வர் ரன் (/var/run) வழியில், இன்ஜினோடு பேச உதவும் சாக்கெட்டைத் தேடும். கொலிமாவின் சாக்கெட் ஹோம் ஃபோல்டருக்குள் இருக்கிறது. டாக்கர் ஹோஸ்ட் என்ற என்விரான்மென்ட் வேரியபிளில் அதன் முழு வழியைக் கொடுங்கள். டெஸ்ட்கன்டெய்னர்ஸுக்கு அதோடு சாக்கெட் ஓவர்ரைடு வேரியபிளில் பழைய வர் ரன் வழியைக் கொடுக்க வேண்டும். துப்புரவு செய்யும் அதன் துணைக் கன்டெய்னர் விர்ச்சுவல் மெஷினுக்குள்ளிருந்து பார்ப்பதால் அங்குள்ள வழிதான் அதற்குப் பொருந்தும்.

கன்டெய்னருக்குள் மவுன்ட் செய்த ஃபோல்டர் காலியாகத் தெரிந்தால், அந்த ஃபோல்டர் உங்கள் ஹோமுக்கு வெளியே இருக்கிறதா என்று பாருங்கள். கொலிமா இயல்பில் பகிர்வது ஹோம் ஃபோல்டரைத்தான். பிழைச் செய்தி எதுவும் வராததால் மணிக்கணக்கில் தேட வைக்கும் சிக்கல் இது.

விண்டோஸில்: டபிள்யூஎஸ்எல் 2-க்குள் நேரடியாக இன்ஜின்

டபிள்யூஎஸ்எல் என்பது விண்டோஸுக்குள்ளேயே உபுண்டு போன்ற லினக்ஸை ஓட்டும் வசதி. விண்டோஸ் 11, அல்லது விண்டோஸ் 10-ன் 2004 பதிப்பு முதல் இது நடக்கும். தொடங்கும் முன் டெஸ்க்டாப்பின் செட்டிங்ஸில் ரிசோர்சஸ் பகுதிக்குப் போய், உபுண்டுவுக்கான டபிள்யூஎஸ்எல் இன்டெக்ரேஷனை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அது உள்ளே வைத்திருக்கும் டாக்கர் இணைப்பும் நீங்கள் நிறுவுவதும் மோதிக்கொள்ளும்.

பிறகு உபுண்டுவில் இடிசி ஃபோல்டரின் டபிள்யூஎஸ்எல் கான்ஃப் ஃபைலில் பூட் பகுதியின் கீழ், சர்வீஸ்களைத் தானாகத் தொடங்கும் சிஸ்டம்டியை இயக்கி, பவர்ஷெல்லிலிருந்து டபிள்யூஎஸ்எல்லை ஷட்டவுன் செய்து மறுபடி திறங்கள். டாக்கரின் அதிகாரபூர்வ ஆப்ட் ரெப்பாசிட்டரியைச் சேர்த்து இன்ஜின், கமாண்ட், பில்ட்எக்ஸ், கம்போஸ் பிளகின் நான்கையும் நிறுவுங்கள். உங்கள் யூசரை டாக்கர் குரூப்பில் சேர்த்தால் சூடோ வேண்டியதில்லை. அந்த குரூப்பில் இருப்பது ரூட் அதிகாரத்துக்குச் சமம் என்பது நினைவிருக்கட்டும்.

புராஜெக்ட் ஃபைல்களை சி டிரைவில் விட்டு வைக்காதீர்கள். லினக்ஸ் பக்கத்திலிருந்து சி டிரைவைத் தொடும் ஒவ்வொரு முறையும் இரண்டு இயங்குதளங்களுக்கு இடையே தாண்ட வேண்டும். நோட் மாட்யூல்ஸ் போல ஆயிரக்கணக்கில் சின்ன ஃபைல்கள் இருந்தால் நகராது. ஃபைல் மாறியதும் தானே ரீலோட் ஆகும் வசதியும் அங்கே வேலை செய்யாது. உபுண்டுவின் ஹோமுக்குள் கிட் குளோன் செய்து, விஎஸ் கோடை அங்கிருந்து திறங்கள். டெவ் கன்டெய்னர் பயன்படுத்துபவர்கள் டபிள்யூஎஸ்எல்லுக்குள் இயக்கு என்ற செட்டிங்கை ஆன் செய்ய வேண்டும்.

விபிஎன் போட்டவுடன் கன்டெய்னருக்குள் பெயர்கள் கிடைக்காமல் போவது அடுத்த பெரிய தொல்லை. விண்டோஸ் 11-ன் 22எச்2 முதல், யூசர் ஃபோல்டரில் உள்ள டபிள்யூஎஸ்எல் கான்ஃபிக் ஃபைலில் நெட்வொர்க்கிங் மோடை மிரர்டு என்றும் டிஎன்எஸ் டனலிங்கை ட்ரூ என்றும் வைத்தால் பெரும்பாலும் சரியாகும்.

கன்டெய்னரிலிருந்து ஹோஸ்ட் மெஷினைக் கூப்பிட ஹோஸ்ட் டாட் டாக்கர் டாட் இன்டர்னல் என்ற பெயரைக் கோடில் எழுதியிருப்பீர்கள். டெஸ்க்டாப் அதைத் தானாகத் தந்தது. வெறும் இன்ஜின் தராது. கம்போஸ் ஃபைலில் எக்ஸ்ட்ரா ஹோஸ்ட்ஸ் பகுதியில் அந்தப் பெயருக்கு ஹோஸ்ட் கேட்வே என்று கொடுங்கள். இன்ஜின் 20.10 முதல் இது உண்டு. ஆனால் டபிள்யூஎஸ்எல்லில் அது காட்டுவது உபுண்டுவை, விண்டோஸை அல்ல.

கமாண்ட் தட்டாமல் ஜன்னலில் கிளிக் செய்ய வேண்டும் என்பவர்களுக்கு

சூசேயின் ராஞ்சர் டெஸ்க்டாப், ரெட் ஹாட்டிலிருந்து வந்த பாட்மேன் டெஸ்க்டாப் இரண்டும் அப்பாச்சி 2.0. ராஞ்சரில் இன்ஜின் தேர்வில் டாக்கர் இன்ஜினின் திறந்த மூல வடிவமான மோபியை எடுத்தால் டாக்கர் கமாண்ட் அப்படியே ஓடும். பல கன்டெய்னர்களை ஒருங்கே நிர்வகிக்கும் குபர்னெடிஸ் தேவையில்லை என்றால் அணைத்துவிடுங்கள், நினைவகம் மிச்சம். பாட்மேன் ரூட் இல்லாமல் ஓடுவது பாதுகாப்புக்கு நல்லது, ஆனால் 1024-க்குக் கீழுள்ள போர்ட்களைத் திறக்க விடாது. 80-ஐ 8080 ஆக மாற்ற வேண்டியிருக்கும். மேக்கில் ஆர்ப்ஸ்டாக் வேகமானதுதான், ஆனால் அலுவலக வேலைக்கு அதற்கும் சந்தா வேண்டும். காசு கட்டப் பிடிக்காமல் கிளம்பியவர்கள் நிறுவும் முன் உரிமத்தைப் படிக்காததால் இந்தப் பள்ளத்தில் விழுகிறார்கள்.

மாற்றும் நாட்கள்

இரண்டையும் ஒரே மெஷினில் சில நாட்கள் வைத்திருக்க முடியும், சந்தா அல்லது அவகாசம் உள்ளவரை. எந்த இன்ஜினோடு பேசுகிறோம் என்பதை டாக்கர் கான்டெக்ஸ்ட் பட்டியல் நட்சத்திரக் குறியோடு காட்டும். ஒரே போர்ட்டை இரண்டிலும் திறக்காதீர்கள். முதல் வாரம் 3 பேர் மட்டும் மாறட்டும். அவர்களில் ஒருவராவது விபிஎன்னிலேயே நாள் முழுக்க இருப்பவராகவும், ஒருவர் டெஸ்ட்கன்டெய்னர்ஸ் ஓட்டுபவராகவும் இருக்க வேண்டும். அவர்கள் சந்தித்த பிழைகளையும் தீர்வுகளையும் ரெப்பாசிட்டரியின் ரீட்மீயில் எழுதிய பிறகு மற்றவர்களை மாற்றுங்கள்.

டம்ப்பை ஏற்றி, ஒரு டேபிளின் வரிசை எண்ணிக்கையாவது பழையதோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே டெஸ்க்டாப்பை நீக்குங்கள். நீக்கியதும் கான்ஃபிக் ஃபைலையும் வர் ரன்னில் செத்துக் கிடக்கும் சாக்கெட் இணைப்பையும் சரிபாருங்கள். ஐடி பிரிவின் பட்டியலில் எண்ணிக்கை பூஜ்யமாகும் வரை சந்தாவை நிறுத்தாதீர்கள். அடுத்த புதுப்பிப்பு நாளைக் காலண்டரில் போட்டு வையுங்கள். மிச்சமான 7,200 டாலரில் ஒரு பங்கைக் கொலிமா, லிமா போன்ற நீங்கள் இப்போது நம்பியிருக்கும் திட்டங்களுக்கு மாதா மாதம் அனுப்பும்படி மேலாளரிடம் அந்த மாதமே கேளுங்கள். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் அந்தப் பணம் வேறெங்கோ போயிருக்கும்.