மீன் கருவின் முதல் ஒரு நாள்: சமிக்ஞைப் புரதங்களின் வேலையைக் கவனிக்கும் முறை

மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையத்தில் 2010ஆம் ஆண்டு கடல் விராலைத் தூண்டி முட்டையிட வைத்தபோது, தாய் மீனுக்கு ஊசியில் ஏற்றப்பட்ட எச்.சி.ஜி. என்ற ஹார்மோனும் ஒரு சமிக்ஞைப் புரதமே. அதாவது, ஓரிடத்துச் செல் விடுத்து வேறிடத்துச் செல் பெற்றுக்கொள்ளும் செய்தி. முட்டை கருவுற்ற பிறகும் இதே வகைச் செய்திப் பரிமாற்றம்தான் தலை எங்கே, வால் எங்கே, முதுகு எந்தப் பக்கம் என்பதைத் தீர்மானிக்கிறது. புரதம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால், கருவுற்று எத்தனையாவது மணிநேரத்தில் எந்தப் புரதம் வேலை செய்கிறது என்று அறிந்தவர் சாதாரணப் பள்ளி நுண்ணோக்கியிலேயே அதன் விளைவைக் கண்டுகொள்ளலாம்.

கடல் விராலின் முட்டை ஏறத்தாழ ஒரே நாளில் பொரிந்துவிடுவதாலும் குஞ்சுப்பொரிப்பகத்துக்கு வெளியே கிடைக்காததாலும், பழகுவதற்கு வண்ணமீன் கடைகளில் கிடைக்கும் ஜீப்ரா மீனே ஏற்றது. அது நன்னீர் மீன். நம் கடற்கரைக் கிணறுகளின் உவர்நீரில் அதன் முட்டையை வளர்க்க முயல வேண்டாம். காவிரிக் குடிநீரைப் பிடித்து, குளோரின் போக ஒரு நாள் காற்றோட்டத்தில் வைத்துப் பயன்படுத்தலாம். மாலையில் ஆணையும் பெண்ணையும் ஒரே தொட்டியில் தடுப்புக்கு இருபுறமும் விட்டு, அடியில் கோலிக்குண்டுகளைப் பரப்பி வையுங்கள். விடிந்து வெளிச்சம் வந்ததும் தடுப்பை எடுத்தால் முட்டையிடும். குண்டுகளின் இடுக்கில் விழுந்தவை பெற்றோரின் வாய்க்குத் தப்பும். உறையோடு சேர்த்து ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் அளவுள்ள அவற்றைச் சொட்டுக்குழாயால் எடுத்துப் பெட்ரி தட்டில் இட்டு, முட்டையிட்ட நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து வெப்பமானியை வையுங்கள். இதைத் தவிர்த்தால் மற்ற எல்லாக் குறிப்பும் வீண். நூல்களில் காணும் மணிக்கணக்கு 28.5 பாகை செல்சியசுக்கு உரியது. நம்மூர்க் கோடைப் பகலோ அதில் நிற்பதில்லை. 1995இல் ஜீப்ரா மீன் கருவின் வளர்ச்சி நிலைகளை வரையறுத்த சார்லஸ் கிம்மல் குழுவினர் வெளியிட்ட கணக்கு இதற்கு உதவும்: உங்கள் வெப்பநிலையை 0.055ஆல் பெருக்கி, 0.57ஐக் கழித்து, வரும் எண்ணால் நூலில் உள்ள மணியை வகுக்க வேண்டும். ஆறாம் மணியில் வரவேண்டிய நிலை 25 பாகையில் ஏறத்தாழ ஏழரை மணிக்கும், 33 பாகையில் ஐந்து மணிக்குச் சற்று முன்னரும் வரும். அதற்கு மேலான வெப்பத்தில் வைக்க வேண்டாம். கீழே சொல்லும் மணிகள் எல்லாம் முட்டையிட்ட நேரத்திலிருந்து எண்ணியவை, 28.5 பாகைக்கானவை.

முதல் பிளவு முக்கால் மணியில் நிகழும். அதன்பின் கால் மணிக்கு ஒரு பிளவு. எல்லாச் செல்களும் ஒன்றுபோலத் தோன்றும் இவ்வேளையிலேயே, தாய் முட்டையின் அடியில் வைத்தனுப்பிய பொருள்கள் ஒரு பக்கமாக நகர்ந்து, அங்கே பீட்டா-கேட்டனின் என்ற புரதத்தைச் செல்களின் உட்கருவில் சேரச் செய்கின்றன. அந்தப் பக்கமே பின்னர் முதுகாகும். மூன்றாம் மணிவரை கரு பெரும்பாலும் தாயின் இருப்பிலேயே ஓடுகிறது. அதன் பிறகே அதன் சொந்த மரபணுக்கள் பெருமளவில் விழிக்கின்றன.

நான்காம் மணி முதல் செல்குவியலின் விளிம்பைக் கவனியுங்கள். அந்தக் குவியல் மஞ்சள் கருவின் மேல், பனையோலைப் பெட்டிக்கு மூடி இறங்குவதுபோல் இறங்கத் தொடங்கும். விளிம்பிலிருந்து நோடல் என்ற புரதம் பரவுவது இப்போதுதான். அதன் செறிவு விளிம்பில் மிகுதி. மேலே செல்லச் செல்லக் குறைவு. வாலிநோக்கத்து உப்பளத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: ஒரே கடல்நீர், செறிவு ஓர் அளவை எட்டும்போது ஜிப்சத்தையும், இன்னும் ஏறும்போது உப்பையும் தருகிறது. அதுபோல ஒரே நோடல், செறிவு மிகுந்த இடத்தில் குடலுக்குரிய செல்லையும், நடுத்தரமான இடத்தில் தசைக்கும் குருதிக்கும் உரிய செல்லையும் உண்டாக்குகிறது. எட்டாத இடத்துச் செல்கள் தோலும் நரம்புமாகின்றன. உப்பளத்தில் மடையை அடைக்க ஆள் வேண்டும். இங்கோ நோடலே லெஃப்டி என்ற தன் எதிரியை உருவாக்கச் செய்கிறது. நோடலைவிட விரைந்து பரவும் லெஃப்டி அதன் எல்லையைக் கட்டுப்படுத்துகிறது. இந்த நுட்பத்தை நான் எத்தனை முறை நினைத்தாலும் வியப்புக் குறைவதில்லை.

ஆறாம் மணியில் தட்டை மெல்ல அசைத்து, கருவை மேலிருந்து பாருங்கள். விளிம்பு வளையத்தில் ஓரிடம் மட்டும் தடித்திருக்கும். இதற்குக் கேடயம் என்று பெயர். ஹான்ஸ் ஸ்பீமனும் ஹில்டே மாங்கோல்டும் 1924இல் நியூட் என்ற நீர்நில உயிரின் கருவில் கண்டறிந்து வெளியிட்ட, சுற்றியுள்ள செல்களை உடலாக அமையச் செய்யும் அமைப்பாளர்ப் பகுதிக்கு மீனில் இணையானது இதுவே. கேடயம் இருக்கும் முதுகுப்பக்கத்திலிருந்து வரும் கார்டின் என்ற புரதம், பி.எம்.பி. என்ற மற்றொரு சமிக்ஞைப் புரதத்தைப் பற்றிக்கொண்டு செயலிழக்கச் செய்கிறது, எதிர்ப்பக்கத்தில் பி.எம்.பி. தடையின்றி வயிற்றுப்பக்கத்தை வகுக்கிறது. கார்டின் இல்லாத கருவில் வயிற்றுப்பக்கத் திசுக்கள் மிகுகின்றன, பி.எம்.பி. இல்லாததில் முதுகுப்பக்கத் திசுக்கள் மிகுகின்றன. நோட்டில் கேடயம் தோன்றிய நேரத்தையும் அது எந்தப் பக்கம் என்பதையும் வரைந்துகொண்டால், பின்னர் உடல் அந்த அச்சிலேயே எழுவதைச் சரிபார்க்கலாம்.

பத்தரை மணியை ஒட்டி, பின்னர் தசையும் முதுகெலும்பும் ஆகும் உடற்கண்டங்கள் தோன்றத் தொடங்கும். ஏறத்தாழ அரை மணிக்கு ஒன்று என்று எண்ணிக்கொண்டே வரலாம். வால்நுனியிலிருந்து வரும் எஃப்.ஜி.எஃப். என்ற சமிக்ஞைப் புரதம் குறையும் இடமே கண்டம் பிரியும் எல்லை. நடுவே கண்ணாடிக் குழல்போல் தெரிவது முதுகுநாண். அது சுரக்கும் சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்ற சமிக்ஞைப் புரதம் அருகிலுள்ள தசைகளையும் தண்டுவடத்தின் அடிப்பகுதியையும் வகுக்கிறது. 24ஆம் மணியில் இதயம் துடிப்பதைக் காணலாம்.

சில கருக்கள் கோணலாக வளரும். உடனே ஒரு புரதத்தின் பெயரைச் சொல்லிவிட வேண்டாம். வீட்டுத் தட்டில் பெரும்பாலும் குற்றவாளி வெப்பமோ, நெரிசலால் குறைந்த ஆக்சிஜனோ, அகற்றப்படாமல் அழுகிய பக்கத்து முட்டையோதான். குறிப்பேட்டைப் பின்னோக்கிப் புரட்டி, அந்தக் கரு கடைசியாக ஒழுங்காயிருந்த மணியையும் அப்போது வெப்பமானி காட்டிய அளவையும் முதலில் பாருங்கள்.