சுற்றுலா, விருந்தோம்பல் மேலாண்மைப் பட்டப்படிப்பு: குமரி மாவட்டத்து மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளியானதும் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பகுதிகளில் பல வீடுகளில் நடக்கும் பேச்சில், பொறியியலும் நர்சிங்கும் கைகூடாத பிறகுதான் கேட்டரிங் படிப்பின் பெயர் அடிபடத் தொடங்குகிறது. வேறு எதுவும் அமையாவிட்டால் இதில் சேர்த்துவிடலாம், முடித்ததும் வளைகுடாவுக்கோ கப்பலுக்கோ அனுப்பிவிடலாம் என்பது பெற்றோரின் கணக்கு. ஆண்டு முழுவதும் வெளியூர் மக்கள் வந்துபோகும் ஒரு மாவட்டத்தில், அந்த வருகையை நிர்வகிக்கக் கற்றுத்தரும் பல்கலைக்கழகக் கல்வி கடைசி வாய்ப்பாகக் கருதப்படுவது வருந்தத்தக்கது. இந்த மனநிலையோடு சேர்பவர்கள், சேரும்போது விசாரிக்க வேண்டியதை விசாரிப்பதில்லை. படிக்கும்போது தங்கள் ஊரிலேயே கண்முன் கிடக்கும் பாடத்தையும் படிப்பதில்லை. நல்ல திறமையுள்ள பிள்ளைகள் பட்டம் பெற்ற பின்னும் தொடக்கநிலை வேலையிலேயே தேங்கிவிடுவதற்கு இந்த இரண்டும் பெரும் காரணங்கள்.

எந்தப் படிப்பு, யார் தரும் பட்டம்

ஹோட்டல் மேலாண்மையையும் சுற்றுலா மேலாண்மையையும் ஒன்றாக எண்ணிக்கொள்வதில் குழப்பம் தொடங்குகிறது. ஹோட்டல் மேலாண்மைப் படிப்பு சமையலறை, உணவு பரிமாறுதல், அறைப் பராமரிப்பு, வரவேற்புப் பிரிவு ஆகிய நான்கு துறைகளைச் சுற்றி அமைந்தது. அதன் பாதி நேரம் செய்முறைக் கூடத்தில் கழியும். சுற்றுலா மேலாண்மையோ பயணத் திட்டம் வகுத்தல், டிக்கெட், போக்குவரத்து, சுற்றுலாத் தலங்களின் நிர்வாகம், சந்தைப்படுத்துதல், சட்டம், சுற்றுச்சூழல் என்று வேறு திசையில் செல்வது. சமையலில் ஆர்வமுள்ள மாணவர் பி.பி.ஏ. சுற்றுலாவில் சேர்ந்துவிட்டு இரண்டாம் ஆண்டில் ஏமாற்றமடைவதும், ஊர் சுற்றவும் மக்களிடம் பேசவும் விரும்புபவர் வெங்காயம் நறுக்கும் வகுப்பில் அமர்ந்து தவிப்பதும் பாடத்திட்டத்தை முன்கூட்டியே வாங்கிப் படிக்காததால் நேர்பவை. பாடத்திட்டத்தைப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது, பட்டத்தை யார் வழங்குகிறார்கள் என்று பார்க்காமல் பணம் கட்டுவது. பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம் 1956-இன் 22-ஆம் பிரிவின்படி, சட்டப்படி அமைந்த பல்கலைக்கழகங்களும் அந்த உரிமை பெற்ற நிறுவனங்களும் மட்டுமே பட்டம் வழங்க முடியும். குளிரூட்டிய அறையும் கோட் அணிந்த மாணவர்களின் படமும் உள்ள ஒரு பயிற்சி நிறுவனம் தருவது டிப்ளமோ அல்லது வெறும் சான்றிதழாக இருக்கலாம். அதில் தவறில்லை. ஆனால் பிற்காலத்தில் எம்.பி.ஏ. படிக்கவோ பட்டதாரிகளுக்கான அரசுத் தேர்வு எழுதவோ நினைக்கும்போதுதான் அந்த வேறுபாடு தெரியவரும் என்றால், மூன்று ஆண்டுகள் போய்விட்டிருக்கும். நம் மாவட்டத்துக் கல்லூரி என்றால் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தோடு அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு இணைவு உள்ளதா என்று கேட்க வேண்டும். கல்லூரிக்கு இணைவு இருப்பது மட்டும் போதாது.

வீட்டிலிருந்தபடியே தொலைநிலைக் கல்வியில் ஹோட்டல் மேலாண்மைப் பட்டம் பெறலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மானியக் குழுவின் 2020-ஆம் ஆண்டு விதிமுறைகள் ஹோட்டல் மேலாண்மை, கேட்டரிங் தொழில்நுட்பம், சமையல்கலை ஆகியவற்றைத் தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்த அனுமதிப்பதில்லை. சுற்றுலாப் படிப்புக்கு அத்தகைய தடை இல்லை. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் நெடுங்காலமாக அதை நடத்தி வருகிறது.

நுழைவுத் தேர்வைத் தவறவிடுவதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் 1982-இல் தொடங்கப்பட்ட தேசிய ஹோட்டல் மேலாண்மைக் கவுன்சிலோடு இணைந்த ஐ.எச்.எம். எனப்படும் ஹோட்டல் மேலாண்மை நிறுவனங்கள் மூன்றாண்டுப் பட்டப்படிப்புக்கு என்.சி.எச்.எம். ஜே.இ.இ. என்ற தேர்வின் வழியாக மாணவர்களைச் சேர்க்கின்றன. அதற்கான விண்ணப்பக் காலம் பெரும்பாலும் பிளஸ் டூ முடிவுகள் வருவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. முடிவு வந்த பிறகு விசாரிப்பவருக்கு அந்தக் கதவு அந்த ஆண்டுக்கு அடைபட்டது. சென்னைத் தரமணியிலும் திருச்சித் துவாக்குடியிலும் உள்ள ஐ.எச்.எம். நிறுவனங்களை மட்டும் நினைத்துத் தூரம் என்று விட்டுவிடுபவர்கள், கேரளத்துக் கோவளத்தில் உள்ள ஐ.எச்.எம். களியக்காவிளையைக் கடந்தால் எட்டிவிடும் தொலைவில் இருப்பதைக் கவனிப்பதில்லை. சுற்றுலாப் படிப்புக்கும் திருவனந்தபுரத்தில் கேரள அரசின் கிட்ஸ் நிறுவனம் இருக்கிறது. மாநில எல்லை நம் மாவட்டத்து மாணவருக்குத் தடையாக இருக்க வேண்டியதில்லை.

கணக்கை ஒதுக்கிவிடுவது

இது கணக்குக்குப் பயந்தவர்கள் படிக்கும் படிப்பு என்ற நம்பிக்கை மாணவர்களிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. தேர்வில் நாற்பது மதிப்பெண் வாங்கினால் போதும் என்று கணக்குப் பதிவியலையும் வருவாய் மேலாண்மையையும் ஒதுக்கிவிடுகிறார்கள். விடுதித் தொழிலில் மேலே ஏறுகிறவர்களையும் ஏறாதவர்களையும் பிரிப்பது பெரும்பாலும் இந்தப் பாடங்கள்தான்.

நாற்பது அறைகள் கொண்ட ஒரு விடுதியை எடுத்துக்கொள்வோம். ஒரு நாளில் முப்பது அறைகள் தலா 2,000 ரூபாய்க்குப் போகின்றன; வருவாய் 60,000 ரூபாய். மீதிப் பத்து அறைகள் காலியாகக் கிடக்கின்றனவே என்று மறுநாள் வாடகையை 1,400 ரூபாயாகக் குறைத்ததும் நாற்பதும் நிரம்பிவிடுகின்றன. வருவாய் 56,000 ரூபாய். விடுதி நிரம்பி வழிகிறது, ஆனால் கையில் வந்த பணம் குறைவு. அதோடு பத்து அறைகளுக்கான சலவை, மின்சாரம், தண்ணீர், ஆள்கூலி ஆகிய செலவுகள் கூடியிருக்கின்றன. மொத்த அறை வருவாயை, விற்றது விற்காதது எல்லாம் சேர்ந்த மொத்த அறைகளால் வகுத்துப் பார்ப்பதைத்தான் தொழிலில் ரெவ்பார் என்கிறார்கள். முதல் நாள் அது 1,500 ரூபாய், மறுநாள் 1,400 ரூபாய். நேர்காணலில் இந்த எளிய வகுத்தலைச் செய்து காட்டத் தெரிந்த மாணவரை எந்த மேலாளரும் மறக்க மாட்டார்.

ஊரையே படிக்காமல் விடுவது

எல்லாத் தவறுகளிலும் பெரியது இதுதான் என்பது என் உறுதியான கருத்து. முதுநிலை மாணவர்கள் சமர்ப்பிக்கும் ஆய்வேடுகளில் 'சுற்றுலாவின் பொருளாதாரத் தாக்கம்' போன்ற பொதுத் தலைப்புகளும், வேறெங்கோ இருக்கும் ஊர்களைப் பற்றிய தகவல்களை எடுத்து ஒட்டிய அத்தியாயங்களும் மிகுதி. கன்னியாகுமரியில் ஒரு நாளை முழுதாக நின்று பார்த்தவர் இப்படி எழுத மாட்டார்.

பயணி பிற்பகலில் வந்து அறை எடுக்கிறார், சூரியன் மறைவதைப் பார்க்கிறார், தூங்கி எழுந்து விடியலுக்கு முன்பே மொட்டைமாடிக்கோ கடற்கரைக்கோ போகிறார், படகில் ஏறி விவேகானந்தர் பாறைக்குச் சென்று திரும்பி, மதியத்துக்குள் அறையைக் காலி செய்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார். இந்த ஒரே இரவுத் தங்கல் அங்குள்ள விடுதிகளின் செலவுக் கணக்கையே தீர்மானிக்கிறது. விருந்தினர் தொடர்ந்து தங்கும் அறையை ஒழுங்குபடுத்த இருபது நிமிடம், காலி செய்யப்பட்ட அறையை அடுத்தவருக்கு ஆயத்தம் செய்ய முப்பது நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு மணி நேர வேலையில் ஒரு பணியாளர் முதல் வகையில் 24 அறைகள் பார்க்கலாம், இரண்டாவது வகையில் 16 அறைகள்தான். இங்கே பெரும்பாலான அறைகள் அன்றாடம் காலியாகிறவை. அதுவும் எல்லாம் ஏறத்தாழ ஒரே நேரத்தில் காலியாகி, மாலைக்குள் மீண்டும் நிரம்ப வேண்டியவை. விடியற்காலையில் எல்லா அறைகளிலும் ஒரே சமயத்தில் வெந்நீர் கேட்கப்படுவதும், படுக்கை விரிப்புகள் அறையில் ஒன்று, சலவையில் ஒன்று, அலமாரியில் ஒன்று என்று குறைந்தது மூன்று செட் வேண்டியிருப்பதும் இதிலிருந்து பிறக்கும் விஷயங்கள். பயணியை இரண்டாவது இரவும் தங்க வைக்க என்ன செய்யலாம், அவரைத் திற்பரப்பு அருவிக்கும் மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கும் முட்டம் கடற்கரைக்கும் கொண்டுசெல்லும் பயணத் திட்டம் எப்படி அமைய வேண்டும் என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு ஐம்பது பயணிகளிடம் பேசி எழுதப்படும் ஆய்வேடு, எந்தப் பல்கலைக்கழகத்திலும் தலைநிமிர்ந்து நிற்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. விவேகானந்தர் பாறையையும் 2000-ஆம் ஆண்டு சனவரி 1 அன்று திறக்கப்பட்ட 133 அடி உயரத் திருவள்ளுவர் சிலையையும் இணைக்கும் 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. அதற்கு முன்பு சிலைக்குப் படகில்தான் போக வேண்டும். கடல்மட்டம் தாழ்ந்தால் அந்தப் படகு நின்றுவிடும். இப்போது நடந்தே போகிறார்கள். பாறையில் ஒருவர் செலவிடும் நேரம், கரையில் நிற்கும் வரிசை, திரும்பும் படகுகளின் நெரிசல் ஆகியவை எப்படி மாறியிருக்கின்றன என்று கடிகாரத்தோடு நின்று அளப்பது ஓர் இளநிலை மாணவரால்கூட இயலும் வேலை.

நிர்வாகம் யார் கையில் என்று தெரியாமல் பயணத் திட்டம் வகுப்பதும் பரவலான தவறு. பாறை நினைவாலயம் விவேகானந்த கேந்திரத்தைச் சார்ந்தது. படகுகளை இயக்குவது பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம். சுசீந்திரம் தாணுமாலயன் கோயில் இந்து சமய அறநிலையத் துறையின் கீழ் இருக்கிறது. அங்கே ஆண்கள் மேலாடையின்றித்தான் உள்ளே செல்ல வேண்டும் என்பதைக் குழுவினரிடம் முன்கூட்டியே சொல்லாவிட்டால் வாசலில் சங்கடம். சிதறால் சமணக் கோயிலும் வட்டக்கோட்டையும் இந்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பில் உள்ளவை. உதயகிரிக் கோட்டைக்குள் வனத்துறையின் பூங்கா. பத்மநாபபுரம் அரண்மனை தக்கலைக்கு அருகில் தமிழ்நாட்டு மண்ணில் நின்றாலும் கேரளத் தொல்லியல் துறையே அதைப் பராமரிக்கிறது, திங்கட்கிழமை அதற்கு விடுமுறை. திங்களன்று அங்கே குழுவை இறக்கிவிட்டு அடைத்த கதவைக் காட்டும் வழிகாட்டி அந்தத் தொழிலில் நீடிப்பது கடினம்.

விருந்தோம்பல் என்றால் நட்சத்திர விடுதி மட்டும்தான் என்ற எண்ணத்தையும் விட வேண்டும். கார்த்திகை பிறந்ததிலிருந்து மகரவிளக்கு முடியும்வரை கன்னியாகுமரிக்கு வரும் ஐயப்ப பக்தர்களுக்கு வேண்டியது நீச்சல்குளம் அன்று. வண்டி நிறுத்த இடம், குளிக்க வசதி, சுத்தமான கழிப்பறை, நம்பிச் சாப்பிடக்கூடிய சைவ உணவு ஆகியவைதான். இவற்றைத் திட்டமிட்டு நடத்துவதும் மேலாண்மைதான். அதற்குப் படித்த ஆட்கள் இன்னும் போதவில்லை.

பேரிடர் மேலாண்மைப் பாடத்தையும் வரையறைகளாக மனப்பாடம் செய்துவிட்டுக் கடந்துவிடுகிறார்கள். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது விவேகானந்தர் பாறையில் பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். 2017-இல் ஒக்கிப் புயல் இந்த மாவட்டத்தைப் புரட்டிப்போட்டது. கடலில் நிற்கும் ஒரு சுற்றுலாத் தலத்திலிருந்து மக்களை எப்படி வெளியேற்றுவது என்ற கேள்வி நமக்கு உயிர் சம்பந்தப்பட்டது.

தொழிற்பயிற்சியும் மொழியும்

தொழிற்பயிற்சிக்குச் செல்லும் மாணவர்கள் சமையலறையை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு, அறைப் பராமரிப்பைத் தாழ்ந்த வேலையாக எண்ணி நழுவுகிறார்கள். மேலே கண்ட கணக்குகளெல்லாம் அந்தப் பிரிவில்தான் உயிர்பெறுகின்றன. பயிற்சிக் குறிப்பேட்டைக் கடைசி வாரத்தில் உட்கார்ந்து நிரப்புவதும் கூடாது. அன்றன்று எழுதியதுதான் நேர்காணலில் பேச்சுக்குப் பொருள் தரும்.

பெண் பிள்ளைகளைப் படிப்பில் சேர்த்துவிட்டு, இரவுப் பணி இருக்கிறது, வெளியூர் என்று காரணம் காட்டிப் பயிற்சிக்கு அனுப்ப மறுக்கும் பெற்றோர் உண்டு. அவர்களுடைய அச்சத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பயிற்சியை மறுப்பது அந்தப் பெண்ணின் பட்டத்தையே பாதியாக்கிவிடும். தங்குமிடம் எங்கே, இரவில் வாகன ஏற்பாடு உண்டா, பணியிடத்தில் பெண்களுக்கான பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013-இன்படி உள்ளகப் புகார்க் குழு அமைக்கப்பட்டுள்ளதா என்று கல்லூரியிடமும் விடுதியிடமும் நேரடியாகக் கேளுங்கள். தெளிவான பதில் சொல்லாத விடுதியைத் தவிர்த்துவிட்டு வேறொன்றைக் கேட்பது உங்கள் உரிமை.

மொழியைப் பொறுத்தவரை, ஆங்கிலம் வரவில்லை என்ற தாழ்வு மனப்பான்மையில் நம் மாணவர்கள் தங்களிடம் இருப்பதை மறந்துவிடுகிறார்கள். கேரள எல்லையை ஒட்டிய கல்குளம், விளவங்கோடு பகுதிப் பிள்ளைகளுக்கு மலையாளம் இயல்பாக வரும். தன்விவரக் குறிப்பில் அதை எழுதுபவர்கள் குறைவு. ஆங்கிலத்தோடு இந்தியும் பேசுமளவுக்குக் கற்றுக்கொண்டால், வட மாநிலங்களிலிருந்து வரும் குடும்பங்களை வரவேற்க அது உடனே பயன்படும்.

வெளிநாட்டு வேலைக்கு அவசரப்படுவது

வெளிநாடு செல்வது தவறன்று. இந்த மாவட்டத்தின் பல குடும்பங்கள் அதனால்தான் நிமிர்ந்தன. விசாரிக்காமல் பணம் கொடுப்பதுதான் தவறு. ஆள்சேர்ப்பு முகவர் மத்திய அரசின் குடிபெயர்வோர் தலைமைப் பாதுகாப்பு அதிகாரியிடம் பதிவு பெற்றவரா என்பதை வெளியுறவு அமைச்சகத்தின் இமைக்ரேட் இணையதளத்தில் பார்க்கலாம். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். லட்சக்கணக்கில் கேட்பவரிடம் ரசீது கேட்டுப் பாருங்கள், தர மாட்டார். சுற்றுலா விசாவில் போய் அங்கே வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்பவரிடம் பேச்சை அத்துடன் முடித்துக்கொள்வது நல்லது.

சொகுசுக் கப்பல் வேலைக்குப் பட்டம் மட்டும் போதாது. எஸ்.டி.சி.டபிள்யூ. எனப்படும் அடிப்படைக் கடல் பாதுகாப்புப் பயிற்சியும் சி.டி.சி. என்ற கடற்பணியாளர் ஆவணமும் வேண்டும். அந்தப் பயிற்சி கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் அங்கீகரித்த நிறுவனத்தில் பெற்றதாக இருக்க வேண்டும். வேலைக்கு எடுக்கும் நிறுவனத்திடம் கடற்பணியாளர்களை ஆள்சேர்ப்பதற்கு அதே இயக்குநரகம் தரும் ஆர்.பி.எஸ்.எல். உரிமம் இருக்க வேண்டும். உரிமம் பெற்றவர்களின் பட்டியலை இயக்குநரகத்தின் இணையதளத்தில் பார்க்கலாம். வேலை கிடைப்பதற்காகக் கடற்பணியாளரிடம் பணம் வாங்க அந்த நிறுவனங்களுக்கு அனுமதி இல்லை. ஆகவே கப்பல் வேலைக்கு முன்பணம் கேட்பவர், அந்தப் பட்டியலில் பெயர் உள்ளவராகவே இருந்தாலும், அவருக்குப் பணம் கொடுக்காதீர்கள்.