கடலில்லாத மாவட்டத்தில் எம்டன்: 200-இல் 1 அளவில் போர்க்கப்பல் மாதிரி செய்யும் முறை

எந்தப் போர்க்கப்பலைச் செய்வது என்று முடிவு செய்யும்போதே, அக்கப்பலின் எந்த நாளைச் செய்யப் போகிறோம் என்பதையும் முடிவு செய்துகொள்ள வேண்டும். கட்டி முடித்த நாள் முதல் மூழ்கும் நாள் வரை எந்தப் போர்க்கப்பலும் ஒரே தோற்றத்தில் இருப்பதில்லை. வண்ணம் மாறும், கம்பங்களின் உயரம் மாறும், பீரங்கிகளும் படகுகளும் இடம் மாறும். இதைக் கருதாமல், கிடைத்த ஐந்தாறு படங்களைக் கலந்து செய்யப்படும் மாதிரி எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும், கடலில் ஒருநாளும் மிதந்திராத ஒரு கப்பலாகவே முடியும்.

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதியில் இந்தப் பொழுதுபோக்கைத் தொடங்குபவருக்கு நான் பரிந்துரைப்பது எம்டன். 1914 செப்டம்பர் 22 அன்று இரவு ஒன்பதரை மணியளவில் சென்னைத் துறைமுகத்தருகே வந்து சுமார் 125 குண்டுகளை வீசி, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளை எரியவிட்டுச் சென்ற ஜெர்மானியக் கப்பல் அது. சென்னை உயர்நீதிமன்ற மதிலில் அந்த நிகழ்வைக் குறிக்கும் கல்வெட்டை இன்றும் பார்க்கலாம். நமக்கு நெருக்கமான கதை என்பதோடு, கைக்கு அடங்கும் எளிய உருவம் என்பதும் அதைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம். பெரிய போர்க்கப்பல்களில் பீரங்கிகளைத் தாங்கிச் சுழலும் கோபுரங்கள் இதில் இல்லை. பத்துப் பீரங்கிகளும் தனித்தனியே நிற்பவை. இராசேந்திர சோழனின் கலங்களைச் செய்யலாமே என்று கேட்பவர்கள் உண்டு, அந்த ஆசையும் நியாயமானதே. ஆனால் அளவு குறித்த வரைபடம் எதுவும் நம் கையில் இல்லாத கலத்தைச் செய்வது சிற்ப வேலையாகிவிடும், மாதிரி வேலையாகாது.

எம்டன் 1908-இல் டான்சிக் துறைமுகத்தில் நீரில் இறக்கப்பட்டு 1909-இல் பணியில் சேர்ந்தது. போருக்கு முன் சீனக் கடற்கரையின் சிங்தாவ் தளத்தில் இருந்தபோது வெள்ளை உடலும் வெளிர்மஞ்சள் புகைபோக்கிகளுமாக இருந்த கப்பல், போர் தொடங்கியதும் முழுவதும் சாம்பல் நிறமானது. 1914 அக்டோபர் 28 அன்று அதிகாலையில் பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்தபோது அதற்குப் புகைபோக்கிகள் நான்கு. உண்மையானவை மூன்றுதான், நான்காவது, தூரத்தில் பார்ப்பவர் யார்மவுத் என்னும் ஆங்கிலேயக் கப்பல் என்று ஏமாறுவதற்காக மரச்சட்டத்தில் கித்தான் கட்டிச் செய்த போலி. அன்று ரஷ்யக் கப்பல் ஷெம்சூக்கையும் பிரெஞ்சு நாசகாரிக் கப்பல் மூஸ்கேயையும் மூழ்கடித்த எம்டன், நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளருகே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னியிடம் அடிபட்டுக் கரைதட்டியது. இந்த வழிகாட்டியில் பினாங்குக் காலையை எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் போலிப் புகைபோக்கியைக் கழற்றி மாட்டும்படி செய்துவிட்டால், அதை எடுத்தவுடன் மூன்று புகைபோக்கிகளுடன் கூடிய எம்டனும் கிடைத்துவிடும். மாலுமிகளே அதை ஏற்றியும் இறக்கியும்தான் பயன்படுத்தினார்கள்.

அடுத்தது அளவு. கப்பலின் நீளம் 118.3 மீட்டர், அகலம் 13.5 மீட்டர். 700-இல் 1 அளவில் ஏறத்தாழ 17 செ.மீ. வரும், அதில் கைப்பிடிக் கம்பி செய்வது கண்ணைக் கெடுக்கும் வேலை. 350-இல் 1 அளவில் ரெவெல் நிறுவனத்தின் பிளாஸ்டிக் பெட்டி உண்டு, ஏறத்தாழ 34 செ.மீ. நீளம் வரும், பாகங்களை ஒட்டி வண்ணம் பூசினால் போதும் என்பவர் அதை வரவழைத்துக்கொள்ளலாம். நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே முழுக் கப்பலையும் கையால் செய்ய 200-இல் 1 தான் சரியான அளவு. நீளம் 59.15 செ.மீ., அகலம் 6.75 செ.மீ. வரும். இந்த அளவில் 5 மி.மீ. என்பது ஒரு மீட்டர் என்பதை மனத்தில் பதித்துக்கொண்டால் பாதிக் கணக்கு தீர்ந்துவிடும்.

வரைபடத்தை ஏ1 தாளில் அச்சிட வேண்டும். ஏ2 தாளின் நீளம் 59.4 செ.மீ. என்பதால் ஓரத்தில் முனைகள் வெட்டுப்பட்டுவிடும். பொறியியல் வரைபடம் அச்சிடும் கடையில் நீளத்தை 59.15 செ.மீ. ஆக்கித் தரச் சொன்னபின், அங்கேயே நின்று அகலத்தையும் அளந்து பார்க்க வேண்டும். நீளம் சரியாக இருந்து அகலம் 6.75 செ.மீ.க்குக் கூடவோ குறையவோ இருந்தால், ஸ்கேன் செய்யும்போது படம் இழுபட்டிருக்கிறது என்று பொருள். அதை வைத்து வேலை தொடங்கக் கூடாது.

உடலைப் பெயர்ப்பலகைக் கடைகளில் கிடைக்கும் 5 மி.மீ. பிவிசி ஃபோம் ஷீட்டில் அடுக்கு முறையில் செய்யலாம். நீர்மட்டத்துக்கு மேலுள்ள பகுதியை மட்டும் செய்வதே தொடங்குபவருக்கு ஏற்றது. ஒவ்வொரு மீட்டர் உயரத்திலும் கப்பலின் கிடைமட்ட வெட்டு எப்படி இருக்கிறது என்பதை வரைபடத்திலிருந்து தனித்தனி வடிவங்களாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, படிக்கட்டு போல நிற்கும் ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்துச் சமமாக்க வேண்டும். கவனம் முழுதும் முகப்பில் இருக்கட்டும். இன்றைய கப்பல்களின் மூக்கு மேலே போகப்போக முன்னே நீளும்; எம்டனின் மூக்கு அந்தக் காலத்து மோதுமூக்கு, கீழே போகப்போக முன்னே நீளும். பழக்கத்தால் கை தானாகவே இக்காலத்து வடிவத்தைத் தேய்த்துவிடும் என்பதால், பக்கவாட்டுத் தோற்றத்தை அட்டையில் வெட்டி வைத்துக்கொண்டு அடிக்கடி பொருத்திப் பார்ப்பது நல்லது. முன்தளமும் பின்தளமும் உயர்ந்து நடுப்பகுதி தாழ்ந்திருப்பதால், மேலடுக்குகளை மூன்று துண்டுகளாக வெட்ட வேண்டும்.

குழிகளை நிரப்பக் கார் பட்டறையில் பயன்படுத்தும் என்.சி. பட்டி போதும். அதிலுள்ள தின்னர் ஃபோமை அரிக்கக்கூடும் என்பதால், முதலில் வெட்டித் துண்டில் தடவிப் பார்த்துவிட்டு, மெல்லிய பூச்சாக, ஒன்று காய்ந்தபின் அடுத்தது என்று பூச வேண்டும். பக்கங்களில் வரும் வட்டச் சன்னல்களுக்கு மாஸ்கிங் டேப்பின் ஓரத்தைக் கோடாக வைத்துக்கொண்டு 1.5 மி.மீ. துளைகளைக் கையாலேயே இடலாம். இந்த வரிசை ஓரிடத்தில் கோணினாலும் கப்பல் முழுதும் கோணியதாகத் தெரியும்.

பீரங்கிகள் இந்த மாதிரியின் உயிர். 10.5 செ.மீ. வாய்கொண்ட பீரங்கியின் குழல், அந்த விட்டத்தைப்போல் 40 மடங்கு நீளமுடையது, அதாவது 4.2 மீட்டர், நம் அளவில் 21 மி.மீ. வாயின் விட்டம் நம் அளவில் அரை மி.மீ.க்குச் சற்று மேல். மருந்துக்கடையில் பச்சை நிற அடிப்பகுதியுடன் கிடைக்கும் 21 கேஜ் ஊசியின் உள்விட்டமும் ஏறக்குறைய அதுவே, வெளிவிட்டம் 0.8 மி.மீ. பிரிக்காத புதிய ஊசிகளை மட்டுமே வாங்க வேண்டும். குறடால் வெட்டினால் குழல் நசுங்கிவிடும். ஆகவே ஊசியை டைல்ஸ் துண்டின்மேல் வைத்து, முக்கோண அரத்தின் விளிம்பை அழுத்தி உருட்டியபடியே அராவினால், சுற்றிலும் கோடு விழுந்து கையோடு ஒடியும். வாயில் நிற்கும் பிசிறைத் தையல் ஊசியின் முனையால் திறந்துவிட்டு, பின்பாதியில் பசை தடவிய மெல்லிய தாள்கீற்றைச் சுற்றினால், பின்னால் தடித்து முன்னால் மெலியும் உண்மையான உருவம் வந்துவிடும். காப்புத்தகடுகளைக் குளிர்பான அலுமினிய டப்பாவிலிருந்து வெட்டலாம். முன்தளத்தில் இரண்டு அருகருகே, பின்னால் இரண்டு அருகருகே, நடுவில் பக்கத்துக்கு மூன்று என்பதே பீரங்கிகளின் வரிசை.

புகைபோக்கிகளைத் தடித்த தாளை உருளையில் சுருட்டியும், கம்பங்களை ஊதுபத்தியின் மூங்கில் குச்சியைத் தேய்த்தும் செய்வது எல்லோரும் அறிந்ததே. நான்காவதை மட்டும் மெல்லிய துணியில் செய்து, பசைநீரில் நனைத்துக் காயவிட்டால் கித்தானின் சுருக்கங்கள் தெரியும். மற்ற மூன்றின் இரும்புத் தோற்றத்திலிருந்து அது கொஞ்சம் வேறுபட்டு இருக்க வேண்டும்.

கைப்பிடிக் கம்பிகளுக்கு மோட்டார் காயில் கட்டும் கடையை நாட வேண்டும். போர்வெல் மோட்டாரை நம்பி வாழும் மாவட்டங்களில் அத்தகைய கடைக்குப் பஞ்சமில்லை. சீலிங் ஃபேனுக்குச் சுற்றும் 36 கேஜ் செம்புக் கம்பியின் தடிமன் 0.19 மி.மீ.; நம் அளவில் அது 4 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு, கைப்பிடியின் செங்குத்துக் கம்பிக்குக் கச்சிதமாகப் பொருந்தும். கம்பிகளை ஈயத்தால் பற்றவைக்கும் முன் அவற்றின் எனாமல் பூச்சைச் சுரண்ட வேண்டும், இல்லாவிட்டால் ஈயம் பிடிக்காது.

கம்பங்களுக்கிடையே ஓடும் கம்பியில்லாத் தந்தியின் வடங்களுக்கும் கம்பத்தைத் தாங்கும் கயிறுகளுக்கும் வெளியூர்களில் நைலான் இழையையோ, பிளாஸ்டிக்கைச் சூடாக்கி இழுத்த நூலையோ பயன்படுத்துகிறார்கள். நமக்கு அது தேவையில்லை. பட்டுக்கூட்டு அங்காடி இருக்கும் தருமபுரியில், நூற்பவர்களிடம் ஒரு சிறு கழி கச்சாப் பட்டு கேட்டு வாங்கிக்கொள்ளலாம். 20/22 டெனியர் (பட்டிழையின் பருமனைக் குறிக்கும் அலகு) இழையின் தடிமன் ஏறத்தாழ 0.05 மி.மீ., நம் அளவில் 1 செ.மீ. வடம். தடித்த கயிற்றுக்கு இரண்டு மூன்று இழைகளை முறுக்கிக்கொள்ள வேண்டும். சாயமிடுவதற்காகப் பிசின் நீக்கிய பட்டை வாங்கக் கூடாது. அது பஞ்சு பஞ்சாகப் பிரிந்து, பூதக்கண்ணாடியில் பார்த்தால் கம்பளிக் கயிறு போலத் தோன்றும். பிசின் நீக்காத கச்சாப் பட்டில் இழைகள் ஒட்டிக்கொண்டு வழவழப்பாக இருக்கும். இழையை நீர்த்த கறுப்பு அக்ரிலிக்கில் நனைத்து, இரு முனையிலும் சிறு எடை கட்டிக் காயவிட்டுப் பிறகு கட்டினால் தொய்யாது. கட்டும்போது முறுக்கேற்றி இழுக்க வேண்டாம், மூங்கில் கம்பம் வளைந்துவிடும்.

வண்ணத்துக்கு முன் கார் பிரைமரை இரண்டு மெல்லிய பூச்சாக அடிக்க வேண்டும். கிரானைட் அறுக்கும் பட்டறைகளோ, லாரிகள் ஓடும் நெடுஞ்சாலையோ அருகில் இருந்தால், சன்னல்களை மூடி, தரையில் நீர் தெளித்துத் தூசி அடங்கியபின் அடிப்பதே வழி. சாம்பல் வண்ணத்தில் கொஞ்சம் வெள்ளை கலப்பது நல்லது. ஒன்றரைச் சாண் தூரத்தில் மாதிரியைப் பார்ப்பது, உண்மையான கப்பலை ஏறத்தாழ 70 மீட்டர் தொலைவில் நின்று பார்ப்பதற்குச் சமம். அந்தத் தொலைவில் எந்த நிறமும் வெளிறியே தெரியும். பினாங்குக் காலையின் எம்டன் புதுக்கப்பலும் அன்று. பிடிபட்ட கப்பல்களிலிருந்தும் மார்க்கோமானியா போன்ற துணைக்கப்பல்களிலிருந்தும் நடுக்கடலிலேயே நிலக்கரி ஏற்றி, அதைத் தளத்திலும் குவித்து வைத்து ஓடிய கப்பல் அது. ஆகவே அடுப்புக்கரியை இடித்து, மெல்லிய துணியில் சலித்து, கீழே விழும் பொடியை நீர்த்த பெவிகாலால் நடுத்தளத்தில் சிறு குவியல்களாக ஒட்டலாம். துருக் கறையை நங்கூரத் துளைக்குக் கீழே மட்டும் காட்டி நிறுத்திக்கொள்வது என் விருப்பம். கப்பல் முழுதும் பழுப்பைத் தேய்ப்பவர்களுக்குப் போர்க்கப்பலில் மாலுமிகள் வேலையில்லாமல் இருந்தார்கள் என்ற எண்ணம் போலும்.

முடித்த மாதிரியை 70 செ.மீ. நீளமுள்ள கண்ணாடிப் பெட்டியில், நேர்வெயில் படாத சுவரோரம் வைக்க வேண்டும். கண்ணாடிச் சந்துகளைச் சிலிக்கானால் அடைத்தால் கல்தூசி உள்ளே போகாது. பட்டு இழை இருக்கிறதே என்று அந்துருண்டை போட்டுவிடக் கூடாது, மூடிய பெட்டியில் அதன் ஆவி பிளாஸ்டிக்கையும் வண்ணத்தையும் பிசுபிசுக்க வைக்கும். பூச்சிக்கு அஞ்சினால் இரண்டு மூன்று கிராம்புகளைத் துணியில் முடிந்து, கப்பலில் படாமல் ஒரு மூலையில் வைத்தால் போதும்.