ஆஸ்துமா உள்ள இளைஞர்களிடம் ‘நெஞ்சை நிமிர்த்து’ என்று சொல்லாதீர்கள்

கூன் போட்டு உட்கார்ந்திருக்கும் கல்லூரிப் பையனைப் பார்த்தால் வீட்டில் எல்லாரும் சொல்வது, “நெஞ்சை நிமிர்த்தி உட்காருடா”. அவனுக்கு ஆஸ்துமா இருந்தால் முதல் தவறு இதுதான்.

இளைப்பு அடிக்கடி வருகிறவர்களுக்கு உள்ளே போன காற்று முழுதாக வெளியேறாது. நுரையீரல் உப்பியே இருப்பதால், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே குடைபோல் வளைந்திருக்க வேண்டிய மூச்சுத் தசையான உதரவிதானம் தட்டையாகிவிடும். அதன் வேலையைக் கழுத்து, தோள் தசைகள் இழுத்துப்போட்டுச் செய்யும். தோள் காதுப் பக்கம் ஏறுவதும் தலை முன்னே நீள்வதும் பெரும்பாலும் இதனால்தான், சோம்பலால் அல்ல. இந்த நிலையில் நெஞ்சைத் தள்ளினால் விலா எலும்புகள் இன்னும் தூக்கிக்கொள்ளும், மூச்சு மேலோட்டமாகும். முதலில் சரிசெய்ய வேண்டியது மூச்சு வெளியே போகும் விதத்தை.

இளைப்பு இல்லாத நேரத்தில் மல்லாந்து படுத்து, கெண்டைக்கால்களை நாற்காலி மேல் வையுங்கள். ஒரு கை நெஞ்சில், மற்றது தொப்புளுக்கு மேல். மூக்கால் 2 எண்ணும்வரை இழுத்து, உதட்டைக் குவித்து 4 எண்ணும்வரை விடுங்கள். வயிற்றுக் கை எழ வேண்டும். நெஞ்சுக் கை அதிகம் அசையக் கூடாது. காலை, மாலை 5 நிமிடம். பலரும் பலூன் ஊதுவதுபோல் அழுத்தி ஊதுகிறார்கள். அப்படிச் செய்தால் சிறு மூச்சுக்குழாய்கள் நெரிந்து காற்று உள்ளேயே தங்கும். சூடான டீயை ஆற்றும் அளவு போதும்.

உதரவிதானம் வயிற்றுக்குள் அழுத்தம் கொடுத்து முதுகெலும்பையும் தாங்குகிறது. மூச்சு வாங்கும்போது கால் தடுமாறுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஒற்றைக் காலில் நிற்கும் பயிற்சியில் மூச்சைப் பிடித்துக்கொள்வது அடுத்த தவறு. கதவு நிலையை ஒட்டி நின்று, ஒவ்வொரு காலுக்கும் 20 வினாடி, 3 முறை செய்யுங்கள். வாய்விட்டு எண்ணுங்கள், எண்ண முடியவில்லையா, மூச்சைப் பிடித்திருக்கிறீர்கள்.

சேலத்துக் கொலுசுப் பட்டறையில் மணிக்கணக்கில் குனிந்து பற்றவைக்கிறவர்களுக்கு இரட்டைச் சிக்கல்: முதுகும் மடங்குகிறது, புகையும் முகத்தில் அடிக்கிறது. அரை மணிக்கு ஒருமுறை எழுந்து வெளியே வாருங்கள். ஜன்னல் பக்கம் இடம் கேட்டு வாங்குவது, எந்த முதுகுப் பட்டையைவிடவும் நல்லது.

விடியற்காலையில் பைக்கில் 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, ஏற்காட்டுக் குளிரில் இறங்கிய கையோடு மேட்டில் நடப்பதும் தவறு. குளிர்காற்றே மூச்சுக்குழாயைச் சுருக்கும். மூக்கையும் வாயையும் துண்டால் மூடி, முதலில் ஏரியோரம் சமதளத்தில் 10 நிமிடம் மெதுவாக நடங்கள். நடைக்கு முன் இன்ஹேலர் எடுக்கச் சொல்லி மருத்துவர் எழுதியிருந்தால், 15 நிமிடம் முன்பே எடுத்துவிடுங்கள்.

இளைப்பு வந்துவிட்டால் தோரணை பற்றிய பேச்சே வேண்டாம். படுக்க வைக்காதீர்கள். உட்கார்ந்து இன்ஹேலர் எடுக்கும் நேரத்துக்கு மட்டும் தாடையைச் சற்று உயர்த்தி, மெதுவாக இழுத்து, முடிந்தால் 10 வினாடி நிறுத்தட்டும். பிறகு முழங்கையை முழங்காலில் ஊன்றி முன்னே சாயட்டும். தோள் தசைகளுக்கு அந்தப் பிடிமானம் தேவை. ஒரு முழு வாக்கியம் பேச முடியாமல் திணறினாலோ, மருந்து எடுத்தும் அடங்காவிட்டாலோ காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.